புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கல்லூரிகளில் முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு முடிந்திருக்கும் இந்த நேரத்தில், பி.எஸ்சி. முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர்களிடமிருந்தும் அவர்களுடைய பெற்றோரிடமிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தேன். இப்போது அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முதலாமாண்டு. வகுப்பு முழுவதும் ஆங்கிலத்தில் நடக்கிறது. ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் பாடம் மூன்று வரி தாண்டிவிடுகிறது. இரவில் நோட்டை எடுத்துப் பார்த்தால் என்ன எழுதினேன் என்று எனக்கே புரியவில்லை. முதலில் ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்டு, பிறகு பாடத்துக்கு வர வேண்டுமா?
– முதலாமாண்டு மாணவி, செங்கம்

பதில்: வேண்டாம். அப்படிக் காத்திருந்தால் முதல் செமஸ்டர் கைவிட்டுப் போய்விடும். உங்களுக்குத் தெரியாதது இயற்பியல் அல்ல. ஏற்கெனவே தெரிந்த இயற்பியலுக்கு இப்போது வழங்கப்படும் பெயர்கள்தான் தெரியவில்லை. 'மொமென்ட் ஆஃப் இனர்ஷியா' என்று கரும்பலகையில் எழுதப்படுவது, பிளஸ் ஒன்னில் நிலைமத் திருப்புத்திறன் என்று நீங்கள் படித்த அதே கருத்துதான். சீரான தண்டு ஒன்றின் மையத்தின் வழியாகச் செல்லும் அச்சைப் பொறுத்து அதன் நிலைமத் திருப்புத்திறனைக் காணும் வழி அந்தப் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது.

தமிழ்நாடு பாடநூல் கழகம் வெளியிட்ட பிளஸ் ஒன், பிளஸ் டூ இயற்பியல் புத்தகங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நாளைய வகுப்பில் எந்தத் தலைப்பு வரும் என்பதைத் தெரிந்துகொண்டு, அந்தப் பகுதியை இன்றிரவு தமிழ்ப் புத்தகத்தில் ஒருமுறை வாசித்துவிட்டு, அதே பக்கத்தை ஆங்கிலப் புத்தகத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படம் ஒன்று, சமன்பாடு ஒன்று, சொற்கள் மட்டுமே வேறு என்பதால், அகராதியைத் தொடாமலேயே சொற்கள் மனத்தில் பதியும். இயற்பியல் விடைத்தாளுக்குத் தேவைப்படும் ஆங்கிலமும் மிகக் குறைவு. கன்சிடர், லெட், சப்ஸ்டிட்யூட், ஹென்ஸ் போன்ற சில சொற்களும் அந்தந்தப் பாடத்தின் கலைச்சொற்களும் கைவந்தால், மீதியைச் சமன்பாடுகள் பார்த்துக்கொள்ளும்.

வகுப்பில் சொல்லப்படும் ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுத முயலாதீர்கள். கரும்பலகையில் உள்ள படிகளை மட்டும் எழுதி, பக்கத்தின் வலப்புறம் மூன்றில் ஒரு பங்கை வெற்றிடமாக விடுங்கள். புரியாமல் போன இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த படிக்குச் செல்லுங்கள். அன்று மாலையே, மறுநாளுக்குத் தள்ளாமல், அந்த வெற்றிடத்தில் ஒவ்வொரு படிக்கும் 'இது ஏன்' என்பதைத் தமிழில் எழுதுங்கள். எழுத வராத இடங்கள்தான் மறுநாள் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்விகள். 'எதுவுமே புரியவில்லை' என்று போய் நிற்கும் மாணவிக்கு உதவ ஆசிரியருக்கு வழி தெரியாது. 'நான்காவது படியில் தொகையீட்டின் எல்லை ஏன் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கவில்லை' என்று கேட்டால் இரண்டே நிமிடத்தில் விளக்கிவிடுவார்.

ஆங்கில வழியில் பயிலும் மாணவர்களும் தேர்வைத் தாய்மொழியில் எழுத அனுமதிக்குமாறு 2023-இல் பல்கலைக்கழக மானியக் குழு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் பல்கலைக்கழகத்தில் நடைமுறை என்ன என்பதைத் தேர்வுப் பிரிவில் விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வுகள் பல ஆங்கிலத்தில் நடப்பதால், சிந்திப்பதைத் தமிழிலும் எழுதுவதை ஆங்கிலத்திலும் பழகுவதே உங்களுக்கு நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒவ்வொரு பாடத்தையும் நான்கைந்து முறை வாசிக்கிறேன், முக்கிய வரிகளைக் கோடிட்டு வைக்கிறேன். வாசிக்கும்போது எல்லாம் தெளிவாக இருக்கிறது. தேர்வறையில் உட்கார்ந்தால் எதுவும் நினைவுக்கு வருவதில்லை. எனக்கு ஞாபகசக்தி குறைவா?
– இரண்டாமாண்டு மாணவர், கோவில்பட்டி

பதில்: உங்கள் ஞாபகசக்தியில் குறை இல்லை, படிக்கும் முறையில்தான் குறை இருக்கிறது. இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி இருவரும் 2006-இல் அதை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்து, ஒரு சாராரைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் செய்தார்கள். மறுசாராரை, வாசித்த பிறகு பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் செய்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ நினைவிலிருந்து எழுதியவர்களே தெளிவாக முன்னிலையில் இருந்தார்கள். வாசிக்கும் நேரத்தில் ஏற்படும் 'எல்லாம் தெரிகிறது' என்ற உணர்வு, பக்கம் கண்முன் இருப்பதால் வருவது. தேர்வறையில் அந்தப் பக்கம் இருக்காது.

ஆகவே நான்கு முறை வாசிக்கும் நேரத்தில் ஒருமுறை நிதானமாக வாசித்துவிட்டு, புத்தகத்தை மூடி, வெள்ளைத்தாளில் நினைவில் உள்ளதை எழுதுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேருங்கள். மறுநாள் அந்த வேறு நிறப் பகுதியை மட்டும் பார்த்தால் போதும். நான்கு நாள் கழித்து ஒருமுறை, பத்து நாள் கழித்து ஒருமுறை மறுபடியும் வெறுந்தாளிலிருந்து தொடங்குங்கள். முதல் வாரம் இது சலிப்பாகவும் அவமானமாகவும் தோன்றும். தாளில் பாதி காலியாக இருப்பதைப் பார்த்துத் தளர்ந்து பழைய முறைக்குத் திரும்பிவிடாதீர்கள்.

வேதியியலுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பாடத்தில் நினைவுச் சுமை என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி காரணம் கேட்காததால் வருவது. உப்பில் உள்ள உலோக அயனிகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்துக் கண்டறியும் உப்புப் பகுப்பாய்வை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தொகுதிக்கு அமில ஊடகத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடைச் செலுத்துகிறோம், நான்காம் தொகுதிக்கு அம்மோனியா ஊடகத்தில் அதே வாயுவைச் செலுத்துகிறோம். அட்டவணையாக மனப்பாடம் செய்தால் இவை தொடர்பற்ற இரண்டு செய்திகள். காரணம் கேட்டால் இரண்டும் ஒன்றே. அமிலத்தில் உள்ள ஹைட்ரஜன் அயனிகள், பொது அயனி விளைவால், ஹைட்ரஜன் சல்ஃபைடு பிரிகையடைவதைத் தடுக்கின்றன. கரைசலில் சல்ஃபைடு அயனிகள் மிகக் குறைவாகவே இருப்பதால், கரைதிறன் பெருக்கம் (கரைசலில் அயனிகள் வீழ்படிவாகாமல் நிற்கக்கூடிய வரம்பு) மிகச் சிறியதாக உள்ள தாமிரம், காரீயம், காட்மியம், பிஸ்மத் போன்றவற்றின் சல்ஃபைடுகள் மட்டும் வீழ்படிவாகின்றன. அம்மோனியா அந்த ஹைட்ரஜன் அயனிகளை நீக்கிவிடும்போது சல்ஃபைடு அயனிகள் பெருகி, அதுவரை கரைசலிலேயே நின்ற துத்தநாகம், மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் ஆகியவை வீழ்படிவாகின்றன. மூன்றாம் தொகுதியில் அம்மோனியம் ஹைட்ராக்சைடுக்கு முன்பு அம்மோனியம் குளோரைடு ஏன் சேர்க்கப்படுகிறது என்ற கேள்விக்கும் இதே தர்க்கம்தான் விடை. அதை நான் இங்கே சொல்லவில்லை. இந்தப் பத்தியை மூடிவிட்டு நீங்களே எழுதிப் பாருங்கள்.

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் 90 விழுக்காட்டுக்கு மேல் எடுத்தவள். பி.எஸ்சி. முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் இரண்டு தாள்களில் பாதி மதிப்பெண்கூட வரவில்லை. தவறான படிப்பில் சேர்த்துவிட்டோமோ என்று வீட்டில் எல்லோரும் கவலைப்படுகிறோம்.
– ஒரு தாய், விருதுநகர்

பதில்: அம்மா, இவ்வளவு விரைவாக அந்த முடிவுக்கு வர வேண்டாம். பள்ளியில் ஒரே புத்தகத்தை ஓராண்டு முழுவதும் படித்து, காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் தேர்வுகள் என்று பலமுறை எழுதிப் பார்த்த பிறகே உங்கள் மகள் பொதுத்தேர்வு எழுதினாள். கல்லூரியில் ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாட்கள் என்பது கணக்கு. அதற்குள் பாடத்திட்டம் முடிந்து தேர்வும் வந்துவிடும். திருப்புதல் தேர்வு வைத்துப் பயிற்சி கொடுக்க யாரும் இல்லை. அந்தத் திருப்புதல் தேர்வைத் தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் பழக்கம் வரும்வரை நல்ல மாணவர்களுக்கும் மதிப்பெண் சரியத்தான் செய்யும். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் உள்மதிப்பீட்டுக்கு 25, செமஸ்டர் தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் பிரிக்கப்படுவதால், இழந்ததை மீட்க இடம் நிறைய இருக்கிறது. திருத்தப்பட்ட விடைத்தாளைத் தோழியோடு சேர்ந்து பார்த்து, எந்த வினாவில் புரியாமல் தவறினாள், எதில் நேரம் போதாமல் விட்டாள் என்று பிரிக்கச் சொல்லுங்கள். இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். வீட்டில் அடுத்த ஒரு மாதத்துக்கு மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாமல் இருந்தால் அதுவே அவளுக்குப் பெரிய உதவி.

கேள்வி: கணிதத்தில் தேற்றங்களை வரிக்கு வரி மனப்பாடம் செய்கிறேன். ஒரு வரி மறந்தால் அத்தோடு நின்றுவிடுகிறேன்.
– முதலாமாண்டு கணித மாணவி, பட்டுக்கோட்டை

பதில்: நிரூபணத்தில் திருப்புமுனை ஒன்றோ இரண்டோதான் இருக்கும், மற்ற வரிகள் அவற்றிலிருந்து தாமாக வரும். 'குவியும் தொடர்வரிசை ஒவ்வொன்றும் வரம்புடையது' என்ற தேற்றத்தில் திருப்புமுனை இதுதான்: ஏதோ ஓர் உறுப்புக்குப் பிறகு வரும் எல்லா உறுப்புகளும் எல்லை மதிப்பிலிருந்து ஒன்று என்ற தொலைவுக்குள் அடங்கிவிடுகின்றன. வெளியே இருப்பவை எண்ணிக்கையில் முடிவுள்ளவை, எண்ணிக்கையில் முடிவுள்ள எண்களுக்குள் பெரியது ஒன்று கட்டாயம் உண்டு. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் நிரூபணத்தை உங்கள் சொற்களிலேயே கட்டிவிடலாம். அடுத்ததாக, தேற்றத்தைத் தலைகீழாக்கிப் பாருங்கள். வரம்புடைய தொடர்வரிசை எல்லாம் குவியுமா? 1, −1, 1, −1 என்று மாறி மாறிச் செல்வது வரம்புடையது, ஆனால் குவியாது. அதிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக உறுப்புகளை எடுத்தால் குவிகிறது. இந்த இடத்துக்கு வந்தவருக்கு, வரம்புடைய எந்தத் தொடர்வரிசையிலிருந்தும் குவியும் உட்தொடர்வரிசை ஒன்றை எடுக்கலாம் என்று பின்னால் வரும் போல்சானோ–வையர்ஸ்ட்ராஸ் தேற்றம் அந்நியமாகத் தோன்றாது.

கேள்வி: செய்முறை வகுப்பில் சீனியர்களின் ரெக்கார்டைப் பார்த்து எழுதுவதுதான் எல்லோருடைய வழக்கமாக இருக்கிறது. மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது. இதில் கவலைப்பட என்ன இருக்கிறது?
– இரண்டாமாண்டு இயற்பியல் மாணவர், தருமபுரி

பதில்: மதிப்பெண் வந்துவிடும், அந்த மூன்று மணி நேரம் வீணாகிவிடும். பள்ளியிலேயே செய்த எளிய ஊசலில் 20 அலைவுகளுக்கு ஏன் நேரம் எடுத்தோம் என்று யோசித்திருக்கிறீர்களா? ஊசலின் நீளம் ஒரு மீட்டர் என்றால் ஓர் அலைவுக்குச் சுமார் 2 விநாடி ஆகும். நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் விரல் 0.2 விநாடி தாமதித்தால், ஓர் அலைவை மட்டும் அளந்தவருக்கு 10 விழுக்காடு பிழை. 20 அலைவுகளை அளந்தவருக்கு மொத்தம் 40 விநாடியில் அதே 0.2 விநாடி, அதாவது அரை விழுக்காடுதான். புவியீர்ப்பு முடுக்கத்தைக் காண அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுக்கிறோம் என்பதால், விடையில் அந்தப் பிழை இரட்டிப்பாகி, முன்னவருக்கு 20 விழுக்காடாகவும் பின்னவருக்கு ஒரு விழுக்காடாகவும் நிற்கும். கூட்டு ஊசலிலும் இதே கணக்குதான்.

இந்தக் கணக்கை ஒவ்வொரு செய்முறைக்கும் போட்டுப் பார்ப்பவர், எந்த அளவீட்டில் கூடுதல் கவனம் வேண்டும் என்பதைக் கருவியைத் தொடுவதற்கு முன்பே அறிந்திருப்பார். வைவாவில் கேட்கப்படுவதும் பெரும்பாலும் இதுவே. உங்கள் விடை 9.8 வராமல் 9.4 வந்தால், அதை 9.8 ஆக்குவதற்காக அளவீடுகளைத் திருத்தாதீர்கள். 9.4 ஏன் வந்தது என்று நான்கு வரி எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள். ரெக்கார்டை அன்றன்றே எழுதிவிட்டால், செமஸ்டர் இறுதியில் இரவெல்லாம் விழித்து எழுத வேண்டிய நிலையும் வராது.

கேள்வி: தினமும் பேருந்தில் போக வர மூன்று மணி நேரம் ஆகிறது. படிக்க நேரமே இல்லை.
– முதலாமாண்டு மாணவி, ஆத்தூர்

பதில்: நெரிசலில் நின்றுகொண்டு புதிய பாடம் படிக்க முடியாது, முயலவும் வேண்டாம். முந்தைய நாள் பாடத்தைக் கண்ணை மூடி நினைவுபடுத்திப் பார்க்கலாம், வரையறைகளைத் தோழியிடம் கேட்கச் சொல்லலாம். எழுதிச் செய்ய வேண்டிய கணக்குகளைக் கல்லூரியிலேயே, கடைசி வகுப்புக்கும் பேருந்துக்கும் இடைப்பட்ட நேரத்தில் நூலகத்தில் முடித்துவிடுங்கள்.

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. அலைடு கணிதத்தில் அரியர் இருக்கிறது. ஆனாலும் ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. படிக்க ஆசை. அதற்கான ஜாம் நுழைவுத் தேர்வுக்கு இப்போதே படிக்கத் தொடங்கலாமா, முதலில் அரியரை முடிப்பதா?
– இரண்டாமாண்டு மாணவர், அரியலூர்

பதில்: இரண்டையும் வெவ்வேறு வேலைகளாக நினைக்க வேண்டியதில்லை. அலைடு கணிதத்தில் வரும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் வெக்டர் நுண்கணிதமும் இல்லாமல் இரண்டாம் ஆண்டின் மின்காந்தவியலும் நகராது, ஜாம் தேர்வும் நகராது. அரியர் தாளுக்கு வகுப்பு கிடையாது என்பதால் அது எப்போதும் கடைசிக்குத் தள்ளப்படும். வாரத்தில் இரண்டு நாள், குறிப்பிட்ட மணி நேரத்தை அதற்கென்றே ஒதுக்கி, கடந்த சில செமஸ்டர்களின் வினாத்தாள்களைக் கையால் செய்து முடியுங்கள். எந்த அலகில் தடுமாறுகிறீர்களோ அதற்கு மட்டும், ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் உள்ள என்.பி.டி.இ.எல். காணொளிகளைப் பாருங்கள். அவை இலவசம். ஆனால் காணொளி பார்ப்பதும் வாசிப்பதைப் போன்றதே, பார்த்து முடித்தவுடன் அந்தக் கணக்கைப் பார்க்காமல் செய்தால்தான் பயன்.

ஜாம் தேர்வு வழக்கமாகப் பிப்ரவரியில், மூன்று மணி நேரம், 60 வினாக்கள், 100 மதிப்பெண் என்ற அளவில் நடக்கிறது. அவற்றில் 20 வினாக்களுக்குத் தெரிவுகளே கிடையாது, கணக்கிட்டு எண்ணை உள்ளிட வேண்டும். ஆகவே ஊகத்துக்கு அங்கே இடமில்லை. இயற்பியல் தாளில் வரும் இயக்கவியல், அலைவுகள், மின்காந்தவியல், வெப்ப இயக்கவியல் ஆகியவற்றில் பெரும்பகுதியை நீங்கள் இந்த இரண்டு ஆண்டுகளில் வகுப்பிலேயே படிக்கிறீர்கள். இப்போதைக்குத் தனியாகப் பயிற்சி மையம் தேட வேண்டாம். ஓர் அலகு வகுப்பில் முடிந்ததும், ஜாமின் பழைய வினாத்தாள்களிலிருந்து அந்த அலகுக்குரிய வினாக்களை மட்டும் எடுத்துச் செய்து பாருங்கள். இரண்டாம் ஆண்டு முடிந்து வரும் கோடை விடுமுறையில் ஒரு முழு வினாத்தாளை, கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, மூன்று மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். மதிப்பெண் எவ்வளவு வந்தாலும், எந்த அலகில் எத்தனை வினா தவறியது என்று குறித்து எங்களுக்கு எழுதுங்கள். மூன்றாம் ஆண்டுத் திட்டத்தை அதை வைத்துப் பேசுவோம்.