11 கிலோமீட்டருக்கு ஒரு அபராதமா?

கேள்வி: இருபது வருடத்துக்கு மேல் கார் ஓட்டுகிறேன். இதுவரை யார் மேலும் உரசியது கூட இல்லை. போன மாதம் ராத்திரி பத்தரை மணிக்கு, ஈ காக்கை இல்லாத அகலமான ரோட்டில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். நான் 41 கி.மீ. வேகத்தில் போனேனாம், அங்கே லிமிட் 30-ஆம். கேமரா படம் பிடித்து, அபராத நோட்டீஸ் வீட்டுக்கு வந்திருக்கிறது. என் மீட்டர் 40-ஐத் தொடவே இல்லை என்றுதான் ஞாபகம். 30 என்ற போர்டு மரக்கிளைக்குப் பின்னால் பாதி மறைந்து கிடக்கிறது. அந்த ரோட்டில் எல்லோருமே நாற்பதுக்கு மேல்தான் போகிறார்கள். முப்பதில் போனால் பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தே உயிரை எடுக்கிறார். இது பாதுகாப்புக்கா, கஜானாவுக்கா? பணம் பெரிதில்லை, ஏதோ குற்றவாளி போல நடத்துவதுதான் உறுத்துகிறது. லைசென்ஸ் எடுக்கத் தயாராகும் என் மகளும் "தப்பு தப்புதான்பா" என்கிறாள். கட்டிவிடட்டுமா, எதிர்த்து மனு போடட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு சண்டை இருக்கிறது சார். ஒன்று 30 என்ற லிமிட்டோடு, இன்னொன்று அந்த அபராதத்தோடு. முதல் சண்டையில் நான் உங்கள் பக்கம் இல்லை. இரண்டாவதில் பாதி தூரம் கூடவே வருகிறேன்.

"வெறும் 11 கி.மீ." என்று உங்களுக்குத் தோன்றுவது இயல்பு. மீட்டரில் அது முள் கொஞ்சம் நகரும் தூரம்தான். ரோட்டில் அது என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். காய்ந்த ரோடு, நல்ல பிரேக், ஆபத்தைப் பார்த்து காலை பிரேக்கில் வைக்க ஒரு நொடி. இவ்வளவுதான் அனுமானம். 30-இல் போகிற கார் அந்த ஒரு நொடியில் எட்டு மீட்டருக்குச் சற்று மேல் ஓடும், பிரேக் பிடித்தபின் இன்னும் ஐந்து மீட்டர். ஆக, 13 மீட்டர் சொச்சத்தில் நின்றுவிடும். 41-இல் போகிற உங்கள் கார், பிரேக்கை நீங்கள் தொடுவதற்குள்ளேயே 11 மீட்டரைத் தாண்டியிருக்கும். முதல் கார் நின்ற அதே இடத்தை அது கடக்கும்போது வேகம் இன்னும் சுமார் 36 கி.மீ. இருக்கும்.

அந்த 13 மீட்டருக்கு அப்பால் ஒரு பையன் பந்தைத் துரத்திக்கொண்டு இறங்கினான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பதில் வந்த டிரைவர் ஜன்னலை இறக்கி நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போவார். உங்கள் கார் அவனை 36-இல் மோதும். இருவருக்கும் ஒரே திறமை, ஒரே பிரேக். வித்தியாசம் அந்த 11 மட்டும்தான். மோதலின் பலம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. அதனால்தான் 30-ஐவிட 41 மூன்றில் ஒரு பங்கு கூடுதல் என்று தெரிந்தாலும், அது சுமக்கிற ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இருபது வருட அனுபவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் லிமிட் உங்கள் திறமைக்குப் போடும் மார்க் கிடையாது. குறுக்கே வருகிறவர் தப்பே செய்திருந்தாலும் அவர் உயிரோடு வீடு போய்ச் சேரட்டும் என்பதுதான் அதன் கணக்கு. 1997-இல் ஸ்வீடன் நாடாளுமன்றம் 'விஷன் ஜீரோ' என்ற கொள்கையை ஏற்றபோது அடிப்படையாக எடுத்துக்கொண்டது இதைத்தான்: மனிதர் தவறு செய்யத்தான் செய்வார், அவர் உடம்பு தாங்கும் அளவுக்குள் வேகத்தை வை. 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் அமைச்சர்கள் மாநாடும், மக்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் இடங்களில் 30-ஐத் தாண்டக் கூடாது என்றே அறிவித்தது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம் 1992-லேயே பெரிய சாலைகளை விட்டுவிட்டு மற்ற தெருக்கள் முழுக்க 30 ஆக்கிவிட்டது. பாதிக்கும் மேற்பட்ட தெருக்களில் 30 வைத்திருக்கிற ஹெல்சிங்கியில் 2019-இல் ஒரு பாதசாரிகூட வாகனம் மோதிச் சாகவில்லை. இதை 30 மட்டுமே செய்தது என்று நான் சொல்லமாட்டேன், தெருக்களையும் மாற்றிக் கட்டினார்கள். அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கோபத்தின் நியாயம் அங்கேதான் இருக்கிறது.

"டிரைவரின் பொறுப்புக்கு விட்டுவிடலாமே" என்ற யோசனையையும் உலகம் செய்து பார்த்திருக்கிறது. பிரிட்டன் 1930-இல் கார்களுக்கான வேக லிமிட்டையே எடுத்துவிட்டது. 1934-இல் அந்த நாட்டுச் சாலைகளில் செத்தவர்கள் 7,343 பேர். இன்றைக்கு அங்கே ஓடும் வண்டிகளில் ஒரு சிறு பங்குதான் அன்று இருந்தது. 1935 மார்ச்சில் ஊருக்குள் மணிக்கு 30 மைல் என்று மறுபடி கொண்டுவந்தார்கள்.

"எல்லோரும் நாற்பதுக்கு மேல்தான் போகிறார்கள்" என்கிறீர்களே, அதற்குப் பொறியாளர்களிடமே ஒரு பழைய விதி உண்டு. ஒரு சாலையில் நூற்றுக்கு 85 பேர் எந்த வேகத்துக்குள் போகிறார்களோ, லிமிட்டை அதையொட்டி வை என்பார்கள். ஊருக்கு வெளியே நீளமாக ஓடும் சாலைக்கு அதில் கொஞ்சம் அர்த்தம் உண்டு. குடியிருப்புத் தெருவில் அது வினை. அந்த 85 பேருமே காருக்குள் இருப்பவர்கள், நடந்து போகிறவரின் ஓட்டு அதில் சேர்வதே இல்லை. போதாததற்கு, லிமிட்டை ஏற்றினால் வேகமும் கொஞ்சம் ஏறும். அப்புறம் மறுபடி அளந்தால் 85 பேரின் வேகம் இன்னும் மேலே போயிருக்கும்.

ஹாரன் அடிப்பவருக்கு என்ன செய்வது? அடிக்கட்டும். நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும், அவர் வீட்டுக்கு இல்லை.

ராத்திரி பத்தரை என்ற வாதம் கொஞ்சம் கனமானது. பள்ளி நேரத்தில் மட்டும் குறையும் லிமிட்டுகள் பல நாடுகளில் உண்டு, அது நல்ல யோசனையும்கூட. ஆனால் காலி ரோடு என்பதே இரவில் வேகத்தைக் கூட்டுகிறது, ஆள் கண்ணில் படுவதும் இருட்டில் தாமதமாகிறது. நியூயார்க்கில் பள்ளிப் பகுதிக் கேமராக்கள் முன்பு வார நாட்களில் காலை 6 முதல் இரவு 10 வரைதான் வேலை செய்தன. 2022 ஆகஸ்டிலிருந்து 24 மணி நேரமும் ஓட விட்டார்கள், உயிர்போகும் விபத்துகளில் பெரும்பங்கு கேமரா தூங்கும் நேரத்தில் நடந்துகொண்டிருந்ததால். சரி, நீங்கள் மிச்சம் பிடித்தது என்ன என்பதையும் பார்ப்போம். அந்த 30 பகுதி ஒரு கிலோமீட்டர் நீளம் என்றே வைத்துக்கொண்டாலும், 30-இல் போனால் இரண்டு நிமிடம், 41-இல் போனால் 88 நொடி. லாபம் அரை நிமிடம். அதையும் அடுத்த சிக்னல் விழுங்கிவிடும்.

இனி உங்கள் பக்கம் வருகிறேன்.

ரோடு அகலம் என்கிறீர்கள். இதைத்தான் நான் உங்கள் கடிதத்தில் அடிக்கோடிட்டு வைத்தேன். அகலமாக, நேராக, வளைவோ மேடோ இல்லாமல் ஒரு சாலையைப் போட்டால் கால் தானாக ஆக்ஸிலேட்டரை மிதிக்கும். அங்கே கம்பத்தில் 30 என்று ஒரு போர்டை மாட்டிவிட்டு, பக்கத்தில் கேமராவும் வைப்பது, வாசலை அகலத் திறந்து வைத்துவிட்டு நுழைகிறவனிடம் தண்டம் வசூலிப்பது மாதிரி. தெருவைக் குறுக்கி, நடைபாதையை அகலமாக்கி, குறுக்குத் தெரு வரும் இடங்களில் மேடு வைத்தால் முக்கால்வாசிப் பேர் போர்டைப் பார்க்காமலே முப்பதுக்கு இறங்கிவிடுவார்கள். இதற்குக் காசும் நாளும் ஆகும். கேமராவுக்கு இரண்டும் குறைவு, அதோடு அது சம்பாதித்தும் கொடுக்கும். நிர்வாகங்கள் எதை முதலில் எடுக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சிகாகோவில் 2022-இல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் கேமரா அபராதங்களை ஆராய்ந்தபோது, கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளின் குடும்பங்களுக்கு, வெள்ளையர் பகுதிகளைப்போல சுமார் இரண்டு மடங்கு விகிதத்தில் அபராதச் சீட்டு போயிருந்தது தெரிந்தது. அந்தக் கேமராக்கள் இருந்த சாலைகளின் அகலமும் அதற்கு ஒரு காரணம். தெருவை மோசமாகப் போட்டதற்கான தண்டத்தை அங்கே குடியிருப்பவர்கள் கட்டுகிறார்கள்.

வேல்ஸில் நடந்ததும் இந்த வகைதான். 2023 செப்டம்பரில் ஊருக்குள் 30 மைலாக இருந்த லிமிட்டை ஒரேயடியாக 20 மைல், அதாவது சுமார் 32 கி.மீ. ஆக்கினார்கள். எதிர்ப்பு மனுவில் நாலரை லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டார்கள். சின்ன நாடு, அங்கே அது அசாதாரண எண்ணிக்கை. அடுத்த வருடம் அரசு இறங்கி வந்து, பொருந்தாத சாலைகளை மட்டும் பழைய வேகத்துக்கு மாற்றிக்கொள்ள வழி விட்டது. 20 மைல் என்பதே பொதுவான லிமிட்டாகத் தொடர்கிறது. எனக்கு இரண்டுமே சரியாகப் படுகிறது.

அபராதத் தொகையிலும் ஒரு அநியாயம் உண்டு. உங்களுக்குப் "பணம் பெரிதில்லை". அதே தொகை, வண்டி ஓட்டிப் பிழைக்கிற ஒருவருக்கு ஒரு நாள் கூலியாக இருக்கலாம். பின்லாந்தில் லிமிட்டை 20 கி.மீ.க்கு மேல் தாண்டினால் அபராதம் வருமானத்தைப் பொறுத்தது. 2023-இல் ஆலந்து தீவுகளில் ஒரு கோடீஸ்வரத் தொழிலதிபர் 50 பகுதியில் 82-இல் போய் 1,21,000 யூரோ கட்டினார். உங்கள் 11 கி.மீ. அங்கேயும் நிலையான சிறு அபராதத்தோடு போயிருக்கும். ஆனாலும் அந்த முறைதான் நியாயத்துக்குக் கிட்ட நிற்கிறது என்பது என் எண்ணம்.

கஜானாவுக்கா என்று கேட்டீர்கள். கேமராவை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஸ்வீடனில் சாலையோரக் கேமராவுக்கு முன்பே "கேமரா இருக்கிறது" என்று போர்டு நிற்கும். வேகம் குறைந்தால் போதும், மாட்டிக்கொள்ள வேண்டாம் என்பது அதன் பொருள். ஒளித்து வைத்து, மறைந்த போர்டோடு, வருடா வருடம் வசூல் குறையாமல் ஒரு கேமரா ஓடுகிறதென்றால் அது தன் வேலையைச் செய்யவில்லை. நன்றாக வேலை செய்யும் கேமராவுக்கு வருமானம் தேய வேண்டும்.

இப்போது உங்கள் நோட்டீஸ். அதில் இரண்டு எண்கள் இருக்கின்றனவா பாருங்கள்: அளந்த வேகம், கருவியின் பிழைக்காகக் கழித்தபின் வேகம். ஜெர்மனியில் 100-க்குக் கீழே 3 கி.மீ. கழித்துத்தான் அபராதம் போடுவார்கள். உங்கள் 41 கழித்ததா, கழிக்காததா என்று கேட்டு வாங்குங்கள். கருவியைக் கடைசியாகச் சரிபார்த்த சான்றிதழையும், முழுப் படத்தையும் கேளுங்கள்.

மீட்டர் விஷயத்தில் மட்டும் உங்களை எச்சரிக்க வேண்டும். பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதி 39-இன்படி, கார் மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம். ஆகவே நீங்கள் 41-இல் போயிருந்தால் மீட்டர் 41-ஓ அதற்கு மேலோ காட்டியிருக்க வேண்டும். நாற்பதைத் தொடவில்லை என்றால் கேமரா தப்பு, இல்லையேல் ஞாபகம் தப்பு. மூன்றாவது வழி ஒன்று உண்டு: கம்பெனி கொடுத்ததைவிடப் பெரிய டயர் மாட்டியிருந்தால் மீட்டர் குறைத்துத்தான் காட்டும். அதை ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு மனுவை எழுதுங்கள், இல்லாவிட்டால் அந்த வாதம் உங்கள் மேலேயே திரும்பும்.

போர்டுதான் உங்கள் பலமான துருப்பு. வேறொருவரை ஓட்டச் சொல்லி, டிரைவர் கண் உயரத்திலிருந்து, அதே இரவு நேரத்தில் வீடியோ எடுங்கள். நடைபாதையில் நின்று எடுத்த படம் உதவாது. கிளை உண்மையிலேயே மறைக்கிறதென்றால் மனு போடுங்கள், சட்டம் பல இடங்களில் அதை ஏற்கும். ஐம்பது மீட்டருக்கு முன்பே போர்டு பளிச்சென்று தெரிகிறது என்றால் கட்டிவிடுங்கள். "எல்லோரும் போகிறார்கள்", "ரோடு காலி" என்பவை எந்த அதிகாரியிடமும் எடுபடாது.

எதுவானாலும் இரண்டாவது கடிதம் ஒன்று எழுதுங்கள், அபராதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல். சாலையைப் பராமரிக்கும் அலுவலகத்துக்கு: கிளையை வெட்டுங்கள், போர்டை இரண்டு பக்கமும் வையுங்கள், இந்த அகலத்துக்கு 30 பொருந்தவில்லை, தெருவைக் குறுக்குங்கள். தெருக்காரர்களின் கையெழுத்தும் வாங்குங்கள். அபராதம் கட்டியவரே இதைக் கேட்டால் எடை அதிகம்.

மகளோடு வாதாடாதீர்கள். "தப்பு தப்புதான்" என்பது அவள் இப்போதுதான் படித்த விதிப்புத்தகம், அதில் அவள் சரி. ரோட்டின் அமைப்பைப் பற்றி நீங்கள் சொல்வது அவள் புத்தகத்தில் இருக்காது, அதில் நீங்கள் சரி. அந்த வீடியோ எடுக்கப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போய், போர்டு எங்கே தெரிகிறது என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். கடைசித் தேதியை மட்டும் தவற விடாதீர்கள். பல இடங்களில் மனு நிலுவையில் இருந்தாலும் தவணை ஓடிக்கொண்டே இருக்கும், தாமதக் கட்டணம் தனியாக ஏறும்.