கஞ்சனுக்குச் சீனத்தில் என்ன பெயர்?

கேள்வி: ஆறு மாதமாகச் சீனம் படிக்கிறேன். கஞ்சத்தனத்துக்கு 'லின்ஸ' என்று சொல்பட்டியலில் பார்த்து மனப்பாடம் செய்தேன். ஆனால் சீனத் தொடர்களில் 'சியாவ்ச்சி' என்றுதான் காதில் விழுகிறது. அதிலும் ஒரு கேலிப் பேச்சுக்குக் கோபித்துக்கொண்ட பெண்ணைப் பார்த்து அப்படிச் சொல்கிறார்கள். அங்கே பணப் பேச்சே இல்லையே, நான் தப்பாகப் புரிந்துகொண்டேனா?
- ஒரு வாசகி

பதில்: இல்லை, சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். 'லின்ஸ' தவறில்லை, ஆனால் அது எழுத்து நடைக்கான சொல். நாம் பேச்சில் கஞ்சன் என்போம், உலோபி என்று சொல்வோமா? அந்த மாதிரிதான். பேச்சில் ஓடுவது சியாவ்ச்சி. 'சியாவ்' என்றால் சிறிய, 'ச்சி' என்றால் காற்று, மூச்சு, ஒருவருக்குள் இருக்கும் இயல்பு. ஆகக் கையை மட்டுமல்ல, மனசையும் சேர்த்துச் சின்னது என்று சொல்கிற சொல் அது. அதனால்தான் காசை இறுக்கிப் பிடிப்பவரும் சியாவ்ச்சி, சின்ன விஷயத்துக்கு முகம் சுளிப்பவரும் சியாவ்ச்சி. எதிர்ச்சொல்லான 'தாஃபாங்'கையும் கூடவே படித்துவிடுங்கள், தாராளமானவரையும் கூச்சமில்லாமல் இயல்பாகப் பழகுபவரையும் அது குறிக்கும். ஜோடியாகப் படித்தால் இரண்டும் மறக்காது.

உச்சரிப்பில் ஒரு கவனம். சீனத்தில் ஒவ்வொரு அசையையும் குரலை ஏற்றியோ இறக்கியோ சொல்லும் விதம்தான் தொனி. சியாவ்ச்சியில் முதல் அசை மூன்றாம் தொனி, குரல் தாழ்ந்து வரும். இரண்டாவதைச் சீனாவில் தொனியில்லாமல் லேசாக விட்டுவிடுவார்கள், தைவானில் நான்காம் தொனியில், குரலைச் சட்டென்று இறக்கி, அழுத்துவார்கள். எது காதில் விழுந்தாலும் குழம்ப வேண்டாம்.

அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்தது 'தியே கோங் ஜி', அதாவது இரும்புச் சேவல். இரும்பில் வார்த்த சேவலிடமிருந்து ஒரு இறகாவது பிடுங்க முடியுமா? இதன் வால் போல வருவது 'யி மாவ் பு பா', ஒரு மயிரைக்கூடப் பிடுங்கித் தராதவன். உலகத்துக்கே நன்மை என்றாலும் யாங் ஜு என்ற சிந்தனையாளன் தன் உடம்பிலிருந்து ஒரு மயிரைப் பிடுங்க மாட்டான் என்று பழங்காலச் சீனத் தத்துவஞானி மென்சியஸ் குறை சொன்னாரே, அதிலிருந்து வந்த தொடர். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன் என்று நாம் சொல்வதற்குப் பக்கத்தில் வைக்கலாம். இன்னொன்று, 'மாவ்' என்றால் மயிர்; சீன நாணயமான யுவானில் பத்தில் ஒரு பங்குக்கும் பேச்சில் 'மாவ்' என்றே பெயர், எழுத்தும் அதே எழுத்து!

நண்பர்களிடம் 'பியே நாமே சியாவ்ச்சி', அவ்வளவு கஞ்சத்தனம் பண்ணாதே என்று உரிமையோடு சொல்லலாம். ஆசிரியரிடமோ புதிதாக அறிமுகமானவரிடமோ வேண்டாம், கேலியாகச் சொன்னாலும் சுருக்கென்று தைக்கும். சிக்கனமாக இருப்பவரைப் பாராட்ட வேண்டுமென்றால் அதற்கு 'ஜியேஷெங்' என்று தனியாகவே ஒரு சொல் இருக்கிறது.