ஒரே விசுவாச அறிக்கை, இரண்டு கல்லறைத் தோட்டங்கள் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

நான் காவிரிப் படுகையில் ஒரு லுத்தரன் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள். பள்ளி ஆசிரியை. அண்மையில் ஒரு கருத்தரங்கில், லுத்தரன் உலக சம்மேளனம் 1984இல் நிறவெறியை நிராகரிக்காத தென்னாப்பிரிக்கப் பகுதியின் இரண்டு வெள்ளையர் சபைகளை இடைநீக்கம் செய்தது என்று கேள்விப்பட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அது மனதை விட்டுப் போகவில்லை. ஏனென்றால் எங்கள் சபையின் கல்லறைத் தோட்டம் இன்றும் சாதிப்படி இரண்டாகத்தான் இருக்கிறது. சபைச் சங்கத்தில் என் அண்ணன் ஒருமுறை இதை எழுப்பினார். "இது சமூக விஷயம், தம்பி. விசுவாச விஷயம் அல்ல" என்று பெரியவர்கள் பேச்சை முடித்துவிட்டார்கள்.

அதே பெரியவர்கள், ஸ்வீடன் சபை ஒருபாலினத்தவருக்குத் திருமணம் செய்துவைப்பதைப் பற்றிப் பேச்சு வந்தால் விசுவாசமே போய்விட்டது என்கிறார்கள். எது சமூக விஷயம், எது விசுவாச விஷயம் என்பதை லுத்தரன் சபை எப்படித்தான் தீர்மானிக்கிறது? காலம் மாறுகிறது என்பதற்காகச் சபையும் மாறலாமா?

அன்புடன்,
ஞா.

அன்புள்ள ஞா.,

உங்கள் சபைப் பெரியவர்கள் சொன்ன பதிலை அவர்கள் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. அதற்கு ஏறத்தாழ ஐந்நூறு வருட வயது. லுத்தரன் சபைகளின் அடிப்படை ஆவணமான 1530இன் அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் ஏழாம் பிரிவு, நற்செய்தி தூய்மையாகப் போதிக்கப்படுவதும் திருவிருந்து முதலிய சாக்கிரமெந்துகள் முறைப்படி வழங்கப்படுவதுமே சபையின் ஒருமைக்குப் போதும் என்கிறது. மனிதர் ஏற்படுத்திய சடங்குகளும் மரபுகளும் எங்கும் ஒன்றுபோல இருக்க வேண்டியதில்லை. அந்தப் 'போதும்' பெரிய விடுதலை. ஜெர்மானியனும் தமிழனும் தான்சானியனும் அவரவர் வழக்கத்தோடு ஒரே சபையாக இருக்க முடிவது அதனால்தான். ஆனால் எதையும் 'இது வெறும் வழக்கம்' என்று ஒதுக்கிவைக்கும் வசதியையும் அதே வரிதான் கொடுத்தது.

அந்த வசதியின் ஆபத்து பதினெட்டே ஆண்டுகளில் வெளிப்பட்டது. 1547இல் புரோட்டஸ்டண்ட் சிற்றரசர்களைப் போரில் தோற்கடித்த பேரரசர் ஐந்தாம் சார்லஸ், பழைய சடங்குகளைத் திரும்பக் கொண்டுவரும்படி நெருக்கினார். அறிக்கையை எழுதிய மெலாங்க்தனே இறங்கிப் போனார். அங்கியும் பண்டிகை நாட்களும் விசுவாசத்தைத் தொடாதவை, அவற்றில் விட்டுக்கொடுத்துச் சபையைக் காப்பாற்றலாம் என்பது அவர் கணக்கு. விட்டன்பர்க்கில் எபிரேயம் கற்பித்துக்கொண்டிருந்த ஃபிளாசியுஸ் என்ற இளைஞர் இதை ஏற்காமல் வேலையை விட்டுவிட்டு மக்டபர்க் போனார். விசுவாசத்தை அறிக்கையிட வேண்டிய வேளையில் எதுவும் இரண்டாம்பட்சம் அல்ல என்பது அவர் வாதம். அங்கி தன்னளவில் நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல. ஆனால் அதை உடுத்தும்படி ஒருவர் மிரட்டும்போது, உடுத்துவதே ஒரு வாக்குமூலம் ஆகிவிடுகிறது. லுத்தரன் சபைகளின் பிந்தைய அறிக்கையான 1577இன் ஒப்புரவு வாய்பாடு தன் பத்தாம் பிரிவில் இந்த வாதத்தின் சாரத்தை ஏற்றுக்கொண்டது. ஆகவே ஒரு விஷயம் என்றைக்கும் சமூக விஷயமாகவே இருந்துவிடும் என்று எந்த லுத்தரனாலும் தன் மரபைக் காட்டிச் சொல்ல முடியாது.

நாஜி ஆட்சியில், 1933 செப்டம்பரில், ஜெர்மனியின் பிரஷ்யச் சபை, யூத வம்சாவளியினர் குருமாராக இருக்கக் கூடாது என்ற அரசின் விதியைத் தன் விதியாக்கிக்கொண்டது. எர்லாங்கன் பல்கலைக்கழகத்தின் பெரிய லுத்தரன் அறிஞர்களான அல்ட்ஹவுஸும் எலர்ட்டும் எழுதித் தந்த கருத்துரையின் சாரம் இது: யூத வம்சாவளிக் கிறிஸ்தவர் சபையின் முழு உறுப்பினர்தான், ஆனால் இன்றைய சூழலில் அவர் குருப்பணிக்கு வராமல் இருப்பது நல்லது. இந்த வாக்கியத்தை நினைவில் வைத்திருங்கள். இதே லுத்தரன் மரபில் நின்ற ஜெர்மன் இறையியலாளர் போன்ஹோஃபர், அந்த விதியை ஏற்ற சபை சபையாகவே இருக்க முடியாது என்றார்.

இனி நீங்கள் கேள்விப்பட்ட ஆப்பிரிக்கக் கதைக்கு வருகிறேன். அது சம்மேளனத்தின் தலைமையகமான ஜெனீவாவில் தொடங்கவில்லை. 1971 ஜூனில் சர்வதேச நீதிமன்றம், இன்றைய நமீபியாவில் தென்னாப்பிரிக்கா நீடிப்பது சட்டவிரோதம் என்று கருத்துரைத்தது. சில நாட்களில் லெயோனார்ட் அவாலா, பவுலுஸ் கோவசெப் என்ற அங்கிருந்த இரண்டு கறுப்பின லுத்தரன் தலைவர்கள் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஃபோர்ஸ்டருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அதில் பெரிய இறையியல் சொற்கள் இல்லை. மக்கள் தம் சொந்த நாட்டில் விரும்பிய இடத்துக்குப் போக முடியவில்லை, ஒப்பந்தக் கூலிமுறை கணவனை மனைவியிடமிருந்து பிரிக்கிறது, 1948இன் மனித உரிமைப் பிரகடனம் மீறப்படுகிறது என்று எளிமையாகச் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைகளில் பிரசங்க பீடத்திலிருந்தே அதை வாசித்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. ஓனீபாவில் இருந்த சபை அச்சகம் 1973இல் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. திரும்பக் கட்டினார்கள். 1980இல் மறுபடியும் தகர்த்தார்கள். சபை அரசியலில் தலையிடக் கூடாது, லுத்தர் ஆன்மிக ஆட்சி, உலக ஆட்சி என்று இரண்டு ஆட்சிகளைப் பிரித்துவைத்திருக்கிறார் என்று அங்கும் சொல்லப்பட்டது. தன் மந்தையின் குடும்பம் உடைவதைச் சொல்வதை அரசியல் என்று யாரோ பெயரிட்டால், மேய்ப்பன் அதற்காக வாயை மூடிக்கொள்ள முடியாது என்பதே அவாலா நடந்து காட்டிய பதில்.

இதற்கிடையே தென்னாப்பிரிக்காவின் நான்கு கறுப்பினப் பிராந்திய சபைகள் 1975இல் ஒன்றாக இணைந்தன. வெள்ளையர் சபைகள் வெளியே நின்றன. எல்லோர் கையிலும் அதே அவுக்ஸ்பர்க் அறிக்கை, லுத்தர் எழுதிய அதே சிறிய ஞானோபதேசம். போதனையில் நாம் ஒன்றுதான், நிர்வாகமும் மொழியும் வழக்கமும்தான் வேறு. ஏழாம் பிரிவின்படி அது போதுமே என்ற வாதம் அவர்களுக்குச் சுலபமாகக் கிடைத்தது.

1977இல் தாருஸ்ஸலாமில் கூடிய சம்மேளனத்தின் ஆறாவது பேரவை இந்த வாதத்தின் கதவைச் சாத்தியது. 1973இல் அரசின் தடையாணைக்கு ஆளான பேராயர் மானஸ் புதெலேசி போன்றவர்களின் குரல் அங்கே ஒலித்தது. சாதாரண நிலையில் அரசியல் கேள்விகளில் கிறிஸ்தவர்கள் மாறுபடலாம். ஆனால் தென் ஆப்பிரிக்காவின் நிறவெறி அமைப்பு விசுவாசத்தையே அறிக்கையிட வேண்டிய நிலையை உண்டாக்கியிருக்கிறது. ஆகவே சபைகள் அதைப் பகிரங்கமாக, ஐயத்துக்கு இடமின்றி நிராகரிக்க வேண்டும் என்பது தீர்மானத்தின் சாரம். 1548இல் ஃபிளாசியுஸ் எழுப்பிய கேள்விக்கு ஆப்பிரிக்க மண்ணில் கிடைத்த பதில் இது. அந்தப் பேரவைதான் தான்சானியாவின் ஜோசையா கிபிராவைச் சம்மேளனத்தின் முதல் ஆப்பிரிக்கத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. ஏழு ஆண்டுகள் பொறுத்தும் இரண்டு வெள்ளையர் சபைகள் இதற்கு உடன்படாததால் 1984இல் புடாபெஸ்ட் பேரவை அவற்றை உறுப்பினர் நிலையிலிருந்து இடைநீக்கியது.

இனி நம் ஊர். இந்தக் கேள்வியின் முதல் சோதனை ஆப்பிரிக்காவில் நடக்கவில்லை, தரங்கம்பாடியில் நடந்தது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். 1706இல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் வந்து இறங்கிய சில பத்தாண்டுகளுக்குள் அது வந்துவிட்டது. 1733இல் வேளாளரான ஆரோன் குருவாக அபிஷேகம் பெற்றார். தஞ்சைப் பகுதியில் ராஜநாயக்கன் என்ற உபதேசியார், அதாவது குருப்பட்டம் பெறாத போதகர், இருந்தார். தஞ்சை மன்னரின் படையில் சேவித்தவர், தமிழ் நற்செய்தி நூலைத் தானே படித்துத் தரங்கம்பாடிக்கு வந்தவர், பறையர். எதிர்ப்பையும் அடியையும் தாங்கிச் சபைகளைக் கட்டியவர். அடுத்த குரு யார் என்ற பேச்சில் அவர் பெயரும் எழுந்தது. மிஷனரிகளுக்கு அவர் விசுவாசத்தில் ஐயமில்லை. அவர் கையிலிருந்து மேல்சாதியார் திருவிருந்தை வாங்குவார்களா என்பதுதான் கவலை. 1741இல் தியோகு என்ற வேறொருவர் குருவானார். ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

எர்லாங்கன் வாக்கியத்தை இப்போது எடுத்துப் பாருங்கள். முழு உறுப்பினர்தான், ஆனால் குருவாக வேண்டாம். நம் ஊரில் அது கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது. சாதி சமூக வழக்கம் மட்டுமே என்றால் அது கோயில் வாசலோடு நின்றிருக்க வேண்டும். அது அப்பத்தையும் பாத்திரத்தையும் ஏந்தும் கை யாருடையது என்பதுவரை போய்விட்டது. ஏழாம் பிரிவு தன் 'போதும்' என்பதன் கீழ் சாக்கிரமெந்தையும் வைத்திருக்கிறது. அங்கே சாதி நுழைந்த பிறகு அந்தப் பிரிவைச் சாதிக்குக் கேடயமாக்க யாருக்கும் உரிமையில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது வெளிப்படையான சண்டையானது. 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் வில்சன், சாதி வேறுபாட்டை உடனடியாக, முற்றாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் கொந்தளிப்பு. மனத்தாங்கலோடு வெளியேறியவர்களில் பலர் ஜெர்மனியின் லைப்சிக் லுத்தரன் மிஷனிடம் வந்து சேர்ந்தார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு சாதிக்கு எதிராகக் குறிப்பு வெளியிட்டபோது லைப்சிக் மிஷன் அதில் சேரவில்லை. அதன் இயக்குநர் கார்ல் கிரௌல், சாதியில் மத அம்சம் உண்டு, சமூக அம்சமும் உண்டு. முன்னதை நீக்கி, பின்னதைப் பொறுமையாகக் கல்வியால் கரைக்கலாம் என்றார்.

கிரௌலை வெறுமனே கண்டித்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. குறளை ஜெர்மனுக்குக் கொண்டுபோனவர் அவர். தமிழர் கிறிஸ்தவராவதற்கு ஆங்கிலேயராக வேண்டியதில்லை என்று உளமார நம்பினார். ஒவ்வொரு மக்களினத்துக்கும் அதன் மண்ணில் வேரூன்றிய சபை வேண்டும் என்ற அன்றைய ஜெர்மன் மிஷன் சிந்தனை அவரிடம் அழகாகவே வெளிப்பட்டது. ஆனால் அந்த மண்ணில் யார் நிற்கிறார்கள், யார் மிதிபடுகிறார்கள் என்று அவர் போதுமான அளவு கேட்கவில்லை. அதே சிந்தனைதான் பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் இனத்துக்கு ஒரு சபை என்று பிரித்துவைக்கவும் உதவியது. லைப்சிக் மிஷனுக்குள்ளேயே கார்ல் ஓக்ஸ் இதை ஏற்க மறுத்து வெளியேறி டேனிஷ் மிஷனில் சேர்ந்தார். அவரைப் பற்றி நம் சபைகளில் இன்னும் அதிகமாகப் பேச வேண்டும்.

நிறவெறிக்காகச் சபைகளை இடைநீக்கிய சம்மேளனம் சாதிக்காக ஏன் யாரையும் அப்படிச் செய்யவில்லை என்பது உங்கள் கடிதத்தின் உள்ளே இருக்கும் கேள்வி. சம்மேளனம் வாயே திறக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2009இல் உலகத் திருச்சபைகள் மன்றத்தோடு சேர்ந்து பாங்காக்கில் தலித் நீதி பற்றிய கூடுகையை நடத்தியது. சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி தலித் இறையியலின் முக்கியமான களம். ஆனால் நிறவெறி சட்டப் புத்தகத்தில் இருந்தது, தனித்தனிச் சபைகளாக நின்றது; சுட்டிக்காட்டி நிராகரிக்க முடிந்தது. சாதி ஒரே சபைக்குள், ஒரே ஆராதனையில், எழுதப்படாமல் இருக்கிறது. பெண் எடுப்பதிலும் சபைத் தேர்தலிலும் புதைகுழியிலும் மட்டும் தலைகாட்டுகிறது. எந்தச் சபையின் விதிப் புத்தகத்திலும் அதைத் தேடிப் பிடிக்க முடியாது.

ஸ்வீடனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே 1958இல் பெண் குருத்துவத்துக்கு வழி திறந்தார்கள். 2009இல் ஒருபாலினத்தவரின் திருமணத்துக்கும். 2013இல் எத்தியோப்பியாவின் மெகானே யேசுஸ் சபை, ஒருபாலினத்தவரைப் பற்றிய முடிவுகளைக் காரணம் காட்டி ஸ்வீடன் சபையோடும் அமெரிக்க லுத்தரன் சபையோடும் உறவை முறித்தது. உலகின் மிகப் பெரிய லுத்தரன் சபைகளில் ஒன்று அது. அதைப் பின்தங்கியவர்களின் பிடிவாதம் என்று ஒதுக்குவது அநியாயம். வளர்ச்சிப் பணிக்குப் பணம் தருகிறீர்கள், நற்செய்திப் பணிக்குத் தயங்குகிறீர்கள், மனிதனை ஏன் இரண்டாகப் பிரிக்கிறீர்கள் என்று 1972இல் மேற்கத்தியச் சபைகளை நேருக்கு நேர் கேட்ட சபை அது. அந்தக் குரலுக்குரிய குதினா தும்சா, தப்பிச் செல்ல வாய்ப்பிருந்தும் தன் மக்களை விட்டுப் போக மறுத்து, 1979இல் இராணுவ ஆட்சியால் கொல்லப்பட்டார்.

இருந்தும் இந்த விஷயத்தில் நான் அவர்களோடு இல்லை. அரியணையோ பெரும்பான்மையோ பலவீனமானவனை விருந்து மேசையிலிருந்து தள்ளும் இடத்தில்தான் ஃபிளாசியுஸின் வாதத்துக்கு உயிர் இருக்கிறது. ராஜநாயக்கனிடமும் நமீபியாவின் ஓவாம்போ இனக் கூலித் தொழிலாளியிடமும் அதைக் கண்டேன். மேசைக்கு வர அனுமதி கேட்டு நிற்பவரைத் தடுக்க அதே வாதத்தை எடுப்பது எனக்குப் பொருந்தவில்லை. இதில் என்னோடு மனசாட்சிப்படி மாறுபடும் நல்ல லுத்தரன்கள் உண்டு. அவர்களோடு வேதத்தைத் திறந்துவைத்துப் பேசத் தயாராக இருக்கிறேன். பக்கத்துத் தெருக்காரரை ஒரே மண்ணில் புதைக்க மறுத்துக்கொண்டே ஸ்வீடனைப் பற்றிக் கவலைப்படுகிறவரோடு அந்தப் பேச்சைத் தொடங்க முடியாது.

அண்ணனிடம் சொல்லுங்கள், மறுபடி எழுப்பட்டும். முடிந்தால் நீங்களும் சபைச் சங்கத்துக்குப் போட்டியிடுங்கள். 1977 தீர்மானத்தைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி எல்லோர் கையிலும் கொடுங்கள். நீளமானதல்ல. சுவரை இடிக்க வேண்டும் என்று முதலில் கேட்காதீர்கள். இனிமேல் நடக்கும் அடக்கங்கள் இறந்த தேதி வரிசைப்படி ஒரே பகுதியில் நடக்கட்டும் என்று மட்டும் தீர்மானம் கொண்டுவாருங்கள். அதை எதிர்ப்பவர் காரணத்தை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். குருவானவரை முன்கூட்டியே போய்ப் பாருங்கள். அவர் உங்கள் பக்கம் இருக்கக்கூடும், கேட்க ஆள் இல்லாமல் இருக்கலாம். ஏழாம் பிரிவைக் கட்டாயம் படித்துவிட்டுப் போங்கள். அவர்களும் அதைத்தான் எடுப்பார்கள்.

என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்.