அங்கோர் கற்கள்: எது பழையது, எது மீண்டும் நிறுத்தியது?

வாசகர் கேள்வி – பதில்

கம்போடியாவின் அங்கோர் கோயில்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த பயணக் கட்டுரையைப் படித்துவிட்டு வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் நான்கு கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: அங்கோருக்குச் சென்று வந்த என் உறவினர், “அங்கே பாதிக் கோயில்கள் நம் காலத்தில் அடுக்கி வைத்தவை, இடிபாடு பார்க்கப் போவது வீண்” என்கிறார். இவ்வளவு செலவு செய்து போகிறவர் காண்பது ஆயிரம் ஆண்டுப் பழமையையா, அண்மைக் காலக் கட்டுமானத்தையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: உங்கள் உறவினர் கவனித்தது சரி, அதிலிருந்து அவர் வந்த முடிவுதான் சரியில்லை. அங்கோரில் நீங்கள் காணும் கற்களில் மிகப் பெரும்பாலானவை பழையவை. ஆனால் பல கோயில்களில் அக்கற்கள் இன்று நிற்கும் நிலை இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

முதலில் அங்கோர் வாட்டை இந்தக் கணக்கிலிருந்து பெருமளவு விலக்கிவிடலாம். இரண்டாம் சூரியவர்மன் பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருமாலுக்கு எடுப்பித்த அந்தக் கோயில் பின்னர்ப் பௌத்த வழிபாட்டிடமாக மாறி, முற்றிலும் கைவிடப்படாமலே இருந்து வந்தது. சுற்றிலும் ஏறத்தாழ 190 மீட்டர் அகலமுள்ள அகழி இருந்ததால் காடும் அதற்குள் எளிதாக நுழையவில்லை. மற்றக் கோயில்களுக்கு அந்த வாய்ப்பு கிட்டவில்லை. அங்கோரைக் கட்டிய கெமர் மக்களின் கட்டுமானத்தில் மணற்கற்களைச் சுண்ணாம்புச் சாந்து இல்லாமலே ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினார்கள். மலைபோல் உயரும் கோயில்களின் உட்புறத்தை மண்ணாலும் மணலாலும் நிரப்பினார்கள். இடுக்குகளில் மழைநீர் இறங்கி உள்ளே இருக்கும் மண் ஊறிப் பிதுங்கும்போது, வெளிச்சுவர் தானாகவே சரிந்துவிடும்.

சரிந்த கற்களைக் கொண்டே கோயிலை மீண்டும் எழுப்பும் முறையை ஜாவாவில் டச்சுக்காரர்கள் கையாண்டு வந்தார்கள். ‘அனாஸ்டிலோசிஸ்’ எனப்படும் அம்முறையில் ஒவ்வொரு கல்லுக்கும் எண்ணிட்டு, வரைந்து, தேவையானால் நிற்கும் பகுதியையும் பிரித்து, அடித்தளத்தை வலுப்படுத்திய பின் கற்களை அவற்றின் பழைய இடத்திலேயே ஏற்றுவார்கள். அங்கோரில் பொறுப்பில் இருந்த பிரெஞ்சு அறிஞர் ஆன்றி மார்ஷால் அதைக் கற்றுவந்து, 1931 முதல் 1936 வரை பன்தே ஸ்ரே என்னும் சிறு கோயிலில் செய்து காட்டினார். இளஞ்சிவப்புக் கல்லில் நுணுக்கமாகச் செதுக்கிய அக்கோயிலின் கோபுரங்கள் இன்று நேராக நிற்பது அந்த ஐந்தாண்டு வேலையால்தான்.

இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது பாபுவான் கோயிலை. பதினொன்றாம் நூற்றாண்டின் நடுவில் இரண்டாம் உதயாதித்தியவர்மன் காலத்தில் எழுந்த அந்தச் சிவன் கோயில் முன்பே தளர்ந்திருந்தது. 1943இல் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. முழுவதையும் பிரித்துக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்று முடிவு செய்த பிரெஞ்சுக் குழு, 1960களில் ஏறத்தாழ 3,00,000 கற்களை இறக்கிச் சுற்றியிருந்த காட்டில் பரப்பி வைத்தது. எந்தக் கல் எங்கே இருந்தது என்பதற்கான குறிப்பேடுகள் தனியே இருந்தன. அதன்பின் உள்நாட்டுப் போர் வந்தது; வேலை நின்றது; 1975இல் கெமர் ரூஜ் என்னும் தீவிரக் கம்யூனிஸ்ட் இயக்கம் ஆட்சியைப் பிடித்தபோது அந்தக் குறிப்பேடுகள் அழிந்தன. காட்டில் கிடந்தவை ஒன்றுக்கொன்று தொடர்பு தெரியாத மூன்று இலட்சம் கற்கள்.

1995இல் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்களான ழாக் துமார்சேயும் அவருக்குப்பின் பஸ்கால் ருவாயேயும் பணியை மீண்டும் தொடங்கியபோது, அவர்களிடம் இருந்தவை எஞ்சிய பழைய ஒளிப்படங்களும், முன்னர் அங்கே வேலை செய்தவர்களின் நினைவும், கற்களும்தாம். சாந்து இல்லாத கட்டடம் என்பதால் ஒவ்வொரு கல்லும் தன் அண்டைக் கல்லோடு பொருந்தும்படி இழைக்கப்பட்டிருந்தது. ஆகவே ஒரு கல்லுக்கு ஓர் இடம்தான் உண்டு, அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற விதியை வைத்துக்கொண்டு அவர்கள் வேலை செய்தார்கள். இன்னொரு சிக்கலும் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டு வாக்கில் பௌத்தர்கள் இக்கோயிலின் மேற்பகுதிக் கற்களையே எடுத்து, மேற்குப் பக்கத்தில் மிகப் பெரிய சயனப் புத்தர் உருவை அமைத்திருந்தார்கள். சிவன் கோயிலின் சிகரத்தை முழுமையாக்க வேண்டுமானால் புத்தரைக் கலைக்க வேண்டும். அவர்கள் புத்தரைக் கலைக்கவில்லை. இரண்டு காலத்தையும் அப்படியே விட்டுவிட்டார்கள். பணி 2011இல் முடிந்தது. படிகளின் உள்ளே மண்ணைத் தாங்கி நிற்பது கான்கிரீட். அதை நீங்கள் பார்க்க முடியாது; அது இல்லாவிட்டால் பார்ப்பதற்குக் கோயிலும் இருந்திருக்காது.

“அப்படியானால் தா புரோம் மட்டும் வேர்களுக்கு நடுவே இயற்கையாகத்தானே கிடக்கிறது?” என்று கேட்கத் தோன்றும். ஏழாம் ஜயவர்மன் 1186இல் தன் தாயின் நினைவாக நிறுவிய மடாலயம் அது. 79,365 பேர் அதன் சேவைக்கு இருந்ததாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. அங்கோரைக் கண்டெடுத்த நிலை எப்படி இருந்தது என்பதைக் காட்ட ஒரு கோயிலாவது இருக்கட்டும் என்று பிரெஞ்சுக் குழுவினர் அதனைத் தேர்ந்தெடுத்து விட்டுவைத்தார்கள். விட்டுவைத்தார்கள் என்றாலும் வழியை ஒழுங்கு செய்தார்கள், விழக்கூடிய சுவர்களுக்கு முட்டுக் கொடுத்தார்கள். அண்மை ஆண்டுகளில் நம் இந்தியத் தொல்லியல் துறையும் அங்கே மண்டபங்களை மீட்டுக் கட்டியிருக்கிறது. ஆக, மூன்று கோயில்களுள் மிகவும் ‘இயற்கையாக’த் தோன்றுவதும் ஒரு குழு உட்கார்ந்து எடுத்த முடிவுதான். ஒளிப்படத்துக்குத் தா புரோம் அழகு என்பதை நான் மறுக்கவில்லை; ஆனால் ஒரு கோயில் எப்படிக் கட்டப்பட்டது என்று அறிய விரும்புகிறவர் பாபுவானில் கூடுதல் நேரம் செலவிடுவதே நல்லது.

உங்கள் உறவினரின் குறை உண்மையில் பொருந்தும் இடங்களும் உலகில் உண்டு. கிரேக்க நாட்டுக் கிரீட் தீவின் நோசஸ் அரண்மனையில் 1900 முதல் அகழாய்வு செய்த ஆர்தர் எவன்ஸ், தான் கற்பனை செய்த மாடிகளைக் கான்கிரீட்டால் எழுப்பி, தூண்களுக்குச் சிவப்பு வண்ணமும் பூசினார். அவற்றில் எது மினோவன் (அத்தீவின் பண்டைய நாகரிகம்), எது எவன்ஸ் என்று சாதாரணப் பார்வையாளரால் பிரிக்க முடியாது. இப்படி நேராமல் இருக்கத்தான் தொல்சின்னப் பாதுகாப்புக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம், சிதறிய மூலப்பகுதிகளை மீண்டும் சேர்க்கலாம், இட்டு நிரப்பிய பொருள் மட்டும் எப்போதும் அடையாளம் தெரிய வேண்டும் என்று வரையறுத்தது. இந்தோனேசியாவின் பிரம்பானனிலும் போரோபுதூரிலும் மாற்றுக்கல்லில் சிறு புள்ளி பதித்திருப்பதைக் காணலாம். அங்கோரில் புதுக்கல் சிற்பமில்லாமல் வெறுமையாக, விளிம்பு கூர்மையாக, நிறம் வெளிறி இருக்கும். பழைய கற்களில் விரல் நுழையும் அளவு வட்டக் குழிகள் தென்படும். குண்டு பாய்ந்த வடு என்று சில வழிகாட்டிகள் அவற்றைக் காட்டுவார்கள். பெரும்பாலானவை, கல்லைத் தூக்குவதற்கு மரமுளை செருகிய துளைகள்.

கேள்வி: அங்கோர் வாட்டைக் கட்டியவர்கள் சோழர்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: உண்மையில்லை. கட்டியவர்கள் கெமர் அரசர்கள். கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் பழங்கெமர் மொழியிலும் உள்ளன. மலை வடிவக் கோயில் என்னும் அமைப்பு ஒன்பதாம் நூற்றாண்டின் பாகோங் கோயில் முதல் அங்கேயே படிப்படியாக வளர்ந்து வந்த ஒன்று. அவர்களுடைய உழைப்பை நம் கணக்கில் எழுதிக்கொள்வது நமக்குப் பெருமை தராது.

உண்மையான தொடர்புகள் வேறு இருக்கின்றன. அவை வாட்ஸ்அப் செய்தியைவிடச் சுவையானவை. கெமர் எழுத்து பல்லவர் கால எழுத்து முறையிலிருந்து வளர்ந்தது. காம்போஜ (கம்போடிய) மன்னன் நட்பை நாடி இராசேந்திர சோழனுக்குத் தேர் ஒன்றை அனுப்பினான் என்று கரந்தைச் செப்பேடுகள் கூறுகின்றன. காம்போஜ அரசன் காட்டிய கல் ஒன்று சிதம்பரம் கோயிலில் வைக்கப்பட்ட செய்தி, முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டில் வருகிறது.

எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தி வைப்பது, முன்பு சொன்ன பன்தே ஸ்ரே கோயிலின் கிழக்கு வாயில் முகப்பிலுள்ள சிற்பம். பல கைகளுடன் ஆடும் சிவனின் காலடியில், தொங்கிய மார்பும் எலும்பு தெரியும் உடலுமாக ஒரு பெண் உருவம் அமர்ந்திருக்கிறது. அது காரைக்கால் அம்மையார் என்பதே அறிஞர் பலரின் கருத்து. கங்கைகொண்டசோழபுரத்து மாடத்தில் ஆடல்வல்லானுக்குக் கீழே அம்மையாரைப் பார்த்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். பன்தே ஸ்ரே 967இல் குடமுழுக்குக் கண்டது. அதாவது, கங்கைகொண்டசோழபுரத்துக்கு அரை நூற்றாண்டு முந்தையது. அதைக் கட்டுவித்தவரும் அரசர் அல்லர். யக்ஞவராகர் என்ற அரசகுருவே அதை எடுப்பித்தார். பேயுருவை விரும்பி வேண்டிப் பெற்ற ஒரு தமிழ்ப் பெண்ணின் கதை கடல் கடந்து அந்தச் சிற்பியின் உளிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது இன்னும் விரிவாக ஆராய வேண்டிய செய்தி.

கேள்வி: இடிந்து கிடக்கும் இடங்களில் சிதறிய சிறு கல்லையோ ஓட்டுத் துண்டையோ நினைவாக எடுத்து வருவதில் என்ன தவறு? இலட்சக்கணக்கில்தானே கிடக்கின்றன?
– வாசகர், ஈரோடு

பதில்: முதல் பதிலில் சொன்ன மூன்று இலட்சம் கற்களை நினைத்துப் பாருங்கள், அவற்றுள் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருந்தது. எடுப்பது பெரும்பாலான நாடுகளில் சட்டப்படி குற்றமும் ஆகும். 1923இல் பன்தே ஸ்ரேயின் தேவதைச் சிற்பங்களை அறுத்தெடுத்துச் சென்று தலைநகர் நோம்பென்னில் பிடிபட்டவர் ஓர் இளம் பிரெஞ்சு எழுத்தாளர். ஆந்த்ரே மால்ரோ என்ற அவர்தான் பின்னாளில் பிரான்ஸ் நாட்டின் பண்பாட்டு அமைச்சர் ஆனார். இத்தாலியில் எரிமலையில் புதைந்த பழைய நகரான பொம்பெயியின் நிர்வாகத்துக்கு, எடுத்துச்சென்ற கற்களைத் திருப்பி அனுப்பிக் கெட்ட காலம் தொடர்கிறது என்று மன்னிப்புக் கேட்கும் கடிதங்கள் இன்றும் வருகின்றன. கெட்ட காலம் வருமோ வராதோ, விமான நிலையச் சோதனை வரும்.

கேள்வி: எழுபது வயது கடந்த அம்மாவுடன் அங்கோர் போக நினைக்கிறோம். எத்தனை நாள் வேண்டும், எந்த வரிசையில் பார்ப்பது?
– வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

பதில்: மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72 என 2017இல் நிர்ணயிக்கப்பட்டது. கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். மூன்று நாள் சீட்டை அடுத்தடுத்த நாட்களில்தான் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை. பத்து நாட்களுக்குள் எந்த மூன்று நாளானாலும் போகலாம். அம்மாவுக்கு நடுவில் ஒரு நாள் ஓய்வு கொடுக்க இது மிகவும் உதவும். சீட்டில் உங்கள் படம் அச்சாகியிருக்கும். அதை மற்றவருக்குத் தர முடியாது. இந்தியர்கள் விசாவை இணையத்திலேயே பெறலாம். 2023இல் திறந்த புதிய விமான நிலையம் அங்கோரை ஒட்டிய சியாம் ரீப் நகரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருப்பதால், வண்டியை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும்படி இருக்கும். நம் பள்ளி விடுமுறைக் கணக்கில் ஏப்ரலில் போகிறவர்கள் அந்த ஊரின் கடுமையான வெப்பத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

வரிசையைப் பொறுத்தவரை, எல்லாரும் சொல்கிற சூரிய உதயத்தை நான் முதலில் வைக்கமாட்டேன். அங்கோர் வாட் மேற்கு நோக்கிய கோயில். காலையில் சூரியன் அதன் பின்னாலிருந்து எழுவதால் கோபுரங்கள் கருநிழலாகத் தெரியும், குளக்கரையில் கூட்டமும் நெரியும். பிற்பகலில் போனால் முகப்பு முழுவதும் வெளிச்சம் விழும், கூட்டமும் பரவலாகக் கலைந்திருக்கும். புடைப்புச் சிற்பங்களை நாம் கோயிலில் சுற்றும் வலச்சுற்றில் பார்க்காமல் இடச்சுற்றாகப் பாருங்கள்; அவை அந்த வரிசையில்தான் அமைந்துள்ளன. கிழக்குத் திருச்சுற்றின் தென்பாதியில் 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் காட்சி இருக்கிறது. அதற்கு மட்டும் அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

உச்சி மாடத்துக்கு ஏறும் படிகள் மிகச் செங்குத்தானவை. மேலே போகத் தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். பௌத்தப் புனித நாட்களில் மேல்தளம் மூடியிருக்கும். அம்மாவை ஏற்றவேண்டாம்; நீங்கள் ஏறி இறங்கும் வரை அவர் கீழ்ச்சுற்றில் சிற்பங்களைப் பார்த்துக்கொண்டு நிழலில் இருக்கட்டும். பாபுவானின் உச்சியும் அதே அளவு செங்குத்து. ஆனால் அதன் முன்புறம் தூண்கள்மேல் நிற்கும் நீண்ட கல்நடைபாதை சமதளமானது, அதிலிருந்தே கோயிலின் முழு உருவமும் தெரியும். பன்தே ஸ்ரே நகரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர். படியேற்றம் அநேகமாக இல்லாத, சிறிய கோயில். அங்கே காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள். முகப்புச் சிற்பம் கண்மட்டத்துக்குச் சற்று மேலே இருப்பதால், சிறிய தொலைநோக்கி ஒன்றை எடுத்துச் சென்றால் காரைக்கால் அம்மையாரை உங்கள் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.