அப்பாவுக்கு ஏன் லாகின் இல்லை?

கேள்வி: என் அப்பா 38 வருடமாக மாலைப் பத்திரிகை நடத்துகிறார். 2 வருடம் முன்பு பெங்களூரு சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு வந்து பொறுப்பெடுத்தேன். ஏஜெண்ட் கணக்கு, விளம்பரம், இணையதளம் எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் கொண்டுவந்துவிட்டேன். எந்தச் செய்தியை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று நிமிடத்துக்கு நிமிடம் டேஷ்போர்டில் தெரிகிறது. அதைப் பார்த்துத்தான் மறுநாள் பக்கமே முடிவாகிறது. யாரும் தொடாத மஞ்சள் மார்க்கெட் நிலவரம், பேரூராட்சிக் கூட்டச் செய்தி இரண்டையும் எடுத்துவிட்டேன். 2 பகுதிநேர நிருபர்களையும் நிறுத்தினேன். அப்பா 3 மாதமாக என்னிடம் பேசுவதில்லை. ஆபீசுக்கு வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகிறார். (டேஷ்போர்டுக்கு அவருக்கு லாகின் கொடுக்கவில்லை. கொடுத்தால் தேவையில்லாத கேள்வி கேட்பார்.) காலம் மாறிவிட்டது என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

— பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்: தம்பி, உங்கள் பிரச்சினையை அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டு மற்றதையெல்லாம் வெளியே எழுதியிருக்கிறீர்கள்.

லாகின் கொடுக்கவில்லை. அவருக்குப் புரியாது என்று கூட நீங்கள் சொல்லவில்லை. கேள்வி கேட்பார் என்கிறீர்கள். சரி, நான் ஒரு கேள்வி கேட்கிறேன். பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், அடியில், பொடி எழுத்தில் அச்சிடுபவர், வெளியிடுபவர் என்று யார் பேர் இருக்கிறது? அந்தப் பேரைப் போட வேண்டும் என்பது 1867ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிற வழக்கம். இன்னும் அப்பா பேர்தான் இருக்கும் என்பது என் ஊகம். நாளைக்கு ஒரு செய்திக்காக வழக்கு வந்தால் கோர்ட் படியேற அவர் வேண்டும். அந்தச் செய்தி ஏன் முதல் பக்கத்துக்கு வந்தது என்று பார்க்க மட்டும் அவருக்கு அனுமதி கிடையாது. நன்றாக இருக்கிறது உங்கள் நிர்வாகம்.

நான் இளவயதில் ஒரு பத்திரிகையில் புரூஃப் பார்த்தவன். சர்க்குலேஷன் மேஜையில் நீளமான பேரேடு ஒன்று எப்போதும் விரித்தே கிடக்கும். ஏஜெண்ட் பேர், அனுப்பிய பிரதி, விற்காமல் திரும்பி வந்த ரிட்டர்ன், பாக்கி. ரிட்டர்ன் மட்டும் சிவப்பு மை. டீ கொண்டுவரும் பையனுக்குக்கூட எந்த ஊரில் விற்பனை படுத்துவிட்டது என்று தெரியும். முதலாளி ஒன்றும் பெரிய மகான் இல்லை. பூட்டி வைக்கிற அளவில் அந்தப் பேரேடு இல்லை, அவ்வளவுதான். இப்போது அது பாஸ்வேர்டுக்குள் போய்விட்டது. கம்ப்யூட்டர் வந்து பத்திரிகைத் தொழில் வேகமாகிவிட்டது என்று எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு அது அப்புறம்தான். யார் கணக்கைப் பார்க்கலாம் என்று ஒருவர் உட்கார்ந்து டிக் அடிக்கிறாரே, ஆபீசையே புரட்டிப்போட்டது அந்த டிக்தான். உங்கள் ஆபீசில் டிக் அடித்தவர் நீங்கள். பெற்றவர் பேருக்கு நேரே அடிக்காமல் விட்டவரும் நீங்கள்.

அவர் கேட்டிருக்கக்கூடிய அந்தத் "தேவையில்லாத" கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். மஞ்சள் நிலவரத்தை யாரும் தொடவில்லை என்று எங்கே பார்த்தாய்? இணையதளத்தில். அதைப் படிக்கிறவர் எங்கே இருக்கிறார்? டீக்கடை பெஞ்சில். விரலி குவிண்டால் என்ன விலை, கிழங்கு என்ன விலை என்று இரண்டு வரி. அதற்காகத்தான் அவர் மாலைப் பேப்பரையே திருப்புகிறார். கடைக்கு ஒரு பேப்பர், இருட்டுவதற்குள் இருபது கை மாறும். அந்த இருபதில் ஒன்றையாவது உங்கள் டேஷ்போர்டு எண்ணுமா? இணையதளத்தைத் திறந்தவரை மட்டும் எண்ணுகிற கருவியை வைத்துக்கொண்டு, திறக்காதவருடைய பக்கத்தை வெட்டியிருக்கிறீர்கள். நெல் அளக்கிற படியால் துணி அளந்த கதை.

விலையெல்லாம் இப்போது வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது என்பீர்கள். வருகிறது. மூன்று குரூப்பில் மூன்று விலை வருகிறது. எது நிஜம் என்று பார்க்கத்தான் அச்சில் வந்ததைத் தேடுகிறார்கள்.

எண் பொய் சொல்லாது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். வீடியோவை மக்கள் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற கணக்கை இரண்டு வருடமாகக் கூட்டிக் காட்டிவிட்டதாக 2016 செப்டம்பரில் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. மூன்று விநாடிகூடப் பார்க்காமல் தள்ளிவிட்டுப் போனவர்களைச் சராசரியில் சேர்க்கவே இல்லை. அந்த வருடங்களில்தான் அமெரிக்கப் பத்திரிகை நிறுவனங்கள் பல, இனி எல்லாம் வீடியோதான் என்று எழுதுகிறவர்களை வீட்டுக்கு அனுப்பின. விளம்பரதாரர்கள் வழக்குப் போட்டார்கள்; 2019இல் 4 கோடி டாலருக்கு ஃபேஸ்புக் சமரசத்துக்கு வந்தது. வேலை போன எழுத்தாளர்களுக்கு அதில் சல்லிக்காசு கிடையாது. உங்கள் 2 நிருபர்களை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உலகம் தெரிந்த பிள்ளை, அதனால் இன்னொரு வெளியூர்ச் சங்கதியும் சொல்கிறேன். நியூயார்க் டைம்ஸும் குடும்பப் பத்திரிகைதான். 1896 முதல் ஒரே வம்சத்தின் கையில் இருக்கிறது. 2014இல், அப்பா பதிப்பாளராக இருக்கும்போதே, மகன் ஏ.ஜி. சல்ஸ்பெர்கர் தலைமையில் ஒரு குழு நூற்றுக்கணக்கானவர்களிடம் பேசி, டிஜிட்டலில் நாம் பின்தங்கிவிட்டோம் என்று தயவுதாட்சண்யம் பார்க்காமல் அறிக்கை எழுதியது. செய்தியறைக்கும் தொழில்நுட்பம் பார்ப்பவர்களுக்கும் நடுவே நின்ற சுவரைப் பற்றி அதில் பெரிய புகார். அந்த மகன் அதற்கு முன் வேறு ஊர்ப் பத்திரிகைகளில் நிருபராக அலைந்தவர். நாற்காலி அவருக்கு வந்தது 2018 ஜனவரியில்தான். சந்தாதாரர்கள் 2023இல் 1 கோடியைத் தாண்டினார்கள். அந்தப் பிள்ளை சுவரை இடிக்கச் சொன்னார், நீங்கள் வீட்டுக்குள்ளேயே ஒன்று கட்டியிருக்கிறீர்கள். ஆமாம், நீங்கள் கடைசியாக எந்தப் பேரூராட்சிக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தீர்கள்?

கம்ப்யூட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரிட்டர்ன் கணக்கு அன்றன்றைக்கே தெரிவது பெரிய லாபம்; நியூஸ்பிரிண்ட் விற்கிற விலைக்கு, விற்காத பேப்பர் ஒவ்வொன்றும் கைநட்டம். அதைச் சாதித்திருந்தால் சபாஷ். ஆனால் காலம் மாறியது அவருக்குத் தெரியாது என்று சொல்லாதீர்கள். 38 வருடத்துக்கு முன் மாவட்டத்தில் மாலைப் பத்திரிகை என்றால் ஈய எழுத்துதான். அப்புறம் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிற டிடிபி, ஆஃப்செட் அச்சு என்று ஒவ்வொன்றுக்கும் கடன் வாங்கி மாறியவர்தான் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

பழைய புத்தி என்று வேண்டுமானால் சிரியுங்கள். பெற்றவர் உயிரோடு இருக்கும்போது அவர் கடைச் சாவியை அவர் கைக்கு எட்டாத இடத்தில் மாட்டுவது பாவம். அவர் தப்பாகவே நடத்தியிருந்தாலும் பாவம்தான். பேசுவதில்லை என்கிறீர்களே, எதைப் பற்றிப் பேசுவார்?

இன்றைக்கே அவர் பேரில் லாகின் போடுங்கள். பார்க்க மட்டும் முடிகிற அரைகுறை லாகின் கூடாது, உங்களுக்கு இருக்கிற அதே உரிமை வேண்டும். பாஸ்வேர்டைத் தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். ஏஜெண்ட் பாக்கிப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். பெண் கல்யாணக் கடனால் பணம் கட்டாதவர் யார், வசதி இருந்தும் இழுத்தடிக்கிறவர் யார் என்று உங்கள் மென்பொருளில் கட்டம் இல்லை. அது அவர் தலையில் இருக்கிறது. மஞ்சள் நிலவரம் நாளைக்கே பழைய இடத்துக்கு வரட்டும். அந்த 2 நிருபர்களையும் திரும்பக் கூப்பிடுங்கள். போன் போதாது, வீட்டுக்கே போங்கள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு. வீடு எங்கே என்று அவருக்குத்தான் தெரியும்.