ரெஸ்ற்றுக்குப் பயப்பிடாதேங்கோ, கோர்ஸ் கோட்டின்ர கடைசி எழுத்தைப் பாருங்கோ

தம்பி, ஒரே மூச்சில அஞ்சாறு கேள்வி கேட்டிருக்கிறியள். வவுனியாவில இருந்து குடும்பத்தோட கனடாவில ஸ்காபரோவுக்கு வந்து கொஞ்ச நாள்தான், அங்க பத்தாம் ஆண்டு படிச்ச மகனைப் பள்ளிக்கூடத்தில சேர்க்க முதல் ஒரு சென்ரருக்குக் கூப்பிட்டு இங்கிலீசிலயும் கணக்கிலயும் ரெஸ்ற் வைச்சவை, கணக்கில எப்பவும் முன்னுக்கு நிண்ட பிள்ளை முகம் தொங்கிப்போய் வெளியில வந்தவன், இனிக் கீழ் வகுப்பில தள்ளிவிடுவினமோ எண்டு எழுதியிருக்கிறியள். எட்டாம் வகுப்புக்குப் போற மகளுக்கும் இப்பிடி ரெஸ்ற் வருமோ எண்டும் ஒரு பயம். பிறகு வீட்டு வாடகை, கார் லைசன்ஸ், விண்ரர் ஜக்கெற், எந்த ரியூசன் திறம் எண்ட கேள்வியளும் இருக்கு. ஜக்கெற்றைக் கடையில போட்டுப் பாத்து வாங்குங்கோ, சொந்தக்காரர் தாற பழசு தோளில இறுக்கும். வாடகைக்கும் லைசன்சுக்கும் புத்தி சொல்லக் கோயில் வாசலில ஆயிரம் பேர் நிப்பினம். எனக்குக் கதைக்கக் கிடக்கிறது அந்தக் கணக்கு ரெஸ்ற்றைப் பற்றித்தான்.

அது சாதாரண தரச் சோதனை இல்லை. பாஸும் இல்லை, பெயிலும் இல்லை. பிள்ளைக்கு என்ன தெரியும், எந்தக் கோர்ஸில இருத்தினால் தாக்குப்பிடிப்பான் எண்டு பாக்கிறதுக்கு வைக்கிறது. இந்த ஒன்ராறியோ மாகாணத்து ஹை ஸ்கூலில வகுப்பேற்றம் எண்ட கதை பெரிசா இல்லை, ஒவ்வொரு கோர்ஸும் பாஸ் பண்ணக் கிடைக்கிற கிரெடிற்தான் எல்லாம். டிப்ளோமாவுக்கு 30 கிரெடிற் வேணும், அதில 3 கணக்கில எடுக்கவேணும். வெளிநாட்டில படிச்சிட்டு வாற பிள்ளைக்கு அந்தப் படிப்புக்கு ஈடா எத்தினை கிரெடிற் குடுக்கலாம் எண்டு அதிபர்தான் தீர்மானிக்கிறவர். அதுக்கு அவருக்கு உங்கட பெடியன்ர பழைய றிப்போட்டுகள் வேணும். இங்கிலீசில மொழிபெயர்த்துக் கொண்டுபோய்க் குடுங்கோ. நகையோட சேர்த்து றிப்போட்டையும் சூட்கேசுக்கை பூட்டி வைச்சிருந்த குடும்பங்களைக் கண்டிருக்கிறன். பிள்ளை ஒன்பதாம் வகுப்புக் கணக்கைத் திருப்பிப் படிச்சுக்கொண்டிருக்கும், றிப்போட் பத்திரமா இருக்கும்.

உங்கட பெடியன் ஏன் வாடினவன் எண்டு எனக்கு விளங்குது. பின்னம், சதவீதம், சமன்பாடு, பரப்பளவு எண்டு வந்த இடமெல்லாம் கை ஓடியிருக்கும். மடக்கை அட்டவணையோட, கல்குலேற்றர் இல்லாமல் கணக்குச் செய்து பழகின பிள்ளை. இங்க வளர்ந்ததுகள் ஏழெட்டு ஐம்பத்தாறு சொல்லவும் போனைத் தேடுதுகள், அது வேற கதை. ஆனால் வசனக் கணக்கு வந்திருக்கும். எங்கட பிள்ளையள் தடக்குப்படுற இடம் அதுதான்.

நான் 1990 ஆம் ஆண்டு மாசிப் பனிக்கை வந்து இறங்கினனான், வயசு பதினாறு. ஒரு பேஸ்மென்ரில மாமாவோடையும் அவற்ற கூட்டாளியளோடையும் இருந்தனான். அப்ப உங்களுக்கு நடந்தமாதிரிச் சென்ரரெல்லாம் எனக்கு இல்லை. பள்ளிக்கூடத்தில ஒரு சின்ன அறை, ஒரு பென்சில், கேள்வித்தாள், ரஃப் தாள். அதில ஒரு கேள்வி இப்பவும் எனக்குப் பாடம். ஒருத்தனிட்ட டைமும் குவாட்டருமா 14 குற்றிக்காசு இருக்கு, மொத்தம் 2 டொலர் 60 சதம், ஒவ்வொண்டிலயும் எத்தினை? ஒருங்கமை சமன்பாடு. நித்திரையிலயும் செய்வன். குவாட்டர் 25 சதம் எண்டு ஊகிச்சிட்டன், டைம் எவ்வளவு? சட்டைப்பையுக்கை மாமா பஸ்ஸுக்குத் தந்த சில்லறை கிடந்தது. மெல்ல எடுத்துப் பாத்தன். 10 சதம், 5 சதம் எண்டு இலக்கம் இருக்கே தவிரப் பேர் போடேல்லை. வேடிக்கை என்னெண்டால் இந்த நாட்டில 10 சதக் குற்றி 5 சதக் குற்றியைவிடச் சின்னன். சரி, முதல்ல 5 எண்டு வைச்சுச் செய்தன். குவாட்டர் ஒன்பதரை எண்டு வந்தது. அரைக் காசு எங்கையும் இல்லைத்தானே? அப்ப டைம் 10 சதமாத்தான் இருக்கவேணும். திருப்பிச் செய்தன், ஆறு டைம், எட்டு குவாட்டர். விடைக் கோட்டில ரெண்டு இலக்கத்தையும் எழுதி முடிக்க நேரமும் முடிஞ்சுது. செய்கை முழுக்க ரஃப் தாளில. ரெஸ்ற் வைச்ச மனுசி ரஃப் தாளை வாங்கிக் குப்பைக்கூடைக்கை போட்டிட்டா.

இப்ப யோசிச்சால், அந்த ரெஸ்ற்றில நான் செய்த நல்ல கணக்கே கூடைக்குள்ள போனதுதான். விடையை மட்டும் பாத்த ஆக்கள், குத்துமதிப்பா எழுதியிருக்கிறான் எண்டு முடிவு கட்டினவை. என்னை ‘ஜெனரல்’ கணக்கில போட்டினம். அந்தக் காலம் இங்க பேசிக், ஜெனரல், அட்வான்ஸ்ட் எண்டு மூண்டு படி. யூனிவேர்சிற்றி போறதெண்டால் அட்வான்ஸ்ட் எடுத்து, அதுக்கு மேல ஓ.ஏ.சி. எண்டு பதின்மூண்டாம் வருசப் பாடங்களும் எடுக்கவேணும். 2003 இலதான் அது நிண்டது. மாமா இரவு முழுக்க ரெஸ்ரோரன்ரில கோப்பை கழுவிப்போட்டு வந்து, போர்மை வாசிக்காமலே கையெழுத்து வைச்சவர். அந்த மனிசனைக் குறை சொல்ல மாட்டன். கதவு பூட்டுப்படுகுது எண்டு எங்களுக்கு ஆரும் சொல்லேல்லை. அடுத்த வருசம் பக்கத்தில இருந்த ஒரு போர்த்துக்கேயப் பெடியன், ‘இங்க இருந்து யூனிவேர்சிற்றி போகேலாது, தெரியுமோ’ எண்டு கேட்டாப்பிறகுதான் எனக்குத் தலை சுத்தினது. கணக்கு வாத்தியாரிட்டப் போய், அட்வான்ஸ்ட் புத்தகத்தில எந்தப் பக்கத்தையும் காட்டுங்கோ செய்யிறன் எண்டன். காட்டினார், செய்தன். அந்தக் கோடை முழுக்கச் சமர் ஸ்கூல், இரவில மாமாவோட கோப்பை. பேந்து அட்வான்ஸ்ட், ஓ.ஏ.சி., பொறியியல் எண்டு ஏறினன். இண்டைக்கு ஒரு நகரத்தின்ர தண்ணிக்குழாய் வேலையளுக்கு நான் கையெழுத்து வைக்காமல் ஒரு மண்வெட்டியும் மண்ணைத் தொடாது. பெருமைக்குத்தான் சொல்லுறன், ஏன் சொல்லக்கூடாது?

இப்ப நிலைமை அப்பிடியில்லை எண்டு சிலபேர் சொல்லுவினம். பாதி உண்மை. 1999 இல, ஏட்டுப்படிப்புக்கு அகடமிக், கைவேலையோட ஒட்டின படிப்புக்கு அப்ளைட் எண்டு மாத்திச்சினம். 2021 இல ஒன்பதாம் வகுப்புக் கணக்கை எல்லாருக்கும் ஒண்டாக்கிப்போட்டினம். நல்லது. ஆனால் பத்தாம் வகுப்பில பாதை இன்னும் ரெண்டாத்தான் பிரியுது. உங்கட மகன் வந்து இறங்கியிருக்கிறது சரியா அந்தச் சந்தியில.

அதுதான் சொல்லுறன், ஒவ்வொரு பாடத்துக்கும் இருக்கிற கோர்ஸ் கோட்டைப் பாருங்கோ. எம்.பி.எம்.2டி எண்டு ‘டி’யில முடிஞ்சால் அகடமிக். எம்.எஃப்.எம்.2பி எண்டு ‘பி’யில முடிஞ்சால் அப்ளைட். ரெண்டு எழுத்துத்தான் வித்தியாசம் எண்டு விடாதேங்கோ. பதினொண்டில ‘யூ’ எண்டு முடியிற ஃபங்ஷன்ஸ் கோர்ஸுக்குப் போக அந்த ‘டி’ வேணும். பன்னிரண்டில அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ், கல்குலஸ் நேரா எடுக்க அந்த ‘யூ’ வேணும். பொறியியலுக்கு அந்த ரெண்டும் இல்லாமல் எடுபடுறது கஷ்டம். பதினைஞ்சு வயசில ஒரு ‘பி’யில கையெழுத்து வைச்சால் பதினெட்டு வயசிலதான் அதின்ர விலை தெரியும். அப்ளைட் கேவலம் எண்டு நான் சொல்லேல்லை. மின்சார வேலையோ குழாய் வேலையோ பழகி என்னைவிடக் கூடச் சம்பளம் எடுக்கிற பெடியளை நாள்தோறும் சைற்றில சந்திக்கிறன். பிள்ளை தெரிஞ்சு எடுத்தால் எடுக்கட்டும். இங்கிலீசில ஒரு வசனம் விளங்கேல்லை எண்டதுக்காகக் கணக்கில கீழ இறக்க விடாதேங்கோ. அங்க இருபடிச் சமன்பாடு வரைக்கும் செய்தவன், அதுக்கு இந்தா சாட்சி எண்டு பழைய கொப்பிகளைக் காட்டுங்கோ. இங்கிலீசுக்கு ஈ.எஸ்.எல். வகுப்பு இருக்கு, அது வேற பாதை. ரெண்டையும் ஒண்டாக் கட்டத் தேவையில்லை.

பள்ளிக்கூடம் துவங்கினாப்பிறகு வீட்டுக்கு வாற ரெஸ்ற் தாளைப் பாத்தும் நீங்கள் திகைப்பியள். மூலையில ஒரே ஒரு புள்ளி இராது. அறிவு, சிந்தனை, தொடர்பாடல், பிரயோகம் எண்டு நாலு பிரிவாப் பிரிச்சுப் போட்டிருப்பினம். விடை சரியா இருக்கும், தொடர்பாடலில புள்ளி வெட்டுப்பட்டிருக்கும். என்ர மருமகள் வந்த புதுசில அழுதவள். ரெண்டு போன் பிளானில எது மலிவு எண்ட கேள்விக்கு ரெண்டு கோடும் கீறி, வெட்டுற புள்ளியையும் கண்டுபிடிச்சு, ஆள்கூறை மட்டும் எழுதிவிட்டிட்டாள். ‘இந்த அளவுக்குக் கூடப் பாவிச்சால் ரெண்டாவது மலிவு, ஏனெண்டால் அதின்ர படித்திறன் குறைவு’ எண்டு ஒரு வசனம் எழுதவேணுமாம். எழுதப் பழகினாப்பிறகு அதே வாத்தியாரிட்ட முழுப் புள்ளி. உங்கட பெடியனுக்கு முதல் மாசம் நீங்கள் சொல்லிக்குடுக்க வேண்டியது இதைத்தான்: ரஃப் தாளே வேண்டாம், யோசிச்சதெல்லாம் கேள்வித்தாளிலயே கிடக்கட்டும்.

புள்ளியைப் பற்றியும் ஒண்டு. ஊரில சாதாரண தரத்தில 75 எண்டால் ஏ, வீட்டில கேக் வெட்டுவம். இங்க 70 இல இருந்து 79 வரைக்கும் மூண்டாம் நிலை, மாகாணம் எதிர்பாக்கிற அளவு எண்டு அர்த்தம். திறமெண்டால் 80க்கு மேல. செமஸ்ரரையும் கவனியுங்கோ. முதல் செமஸ்ரரில கணக்கு முடிச்சால் தையோட சரி. அடுத்த வருசக் கணக்கு ரெண்டாம் செமஸ்ரரில விழுந்தால் ஒரு வருசம் பிள்ளை கணக்கைக் கண்ணாலயும் காணாது. நல்லாச் செய்த பெடியள் மாசியில வந்து பின்னத்தில முழுசுறது இதாலதான். ரைம்ரேபிள் தரேக்கயே கேட்டு மாத்தப் பாருங்கோ.

மகளுக்கு வாறது வேற சாமான். 1996 இல துவங்கின ஈ.க்யூ.ஏ.ஓ. எண்டு ஒரு மாகாண அமைப்பு, மூண்டு, ஆறு, ஒன்பது வகுப்புகளில எல்லாப் பிள்ளையளுக்கும் கணக்குச் சோதனை வைக்குது. ஒன்பதில கொம்பியூட்டரிலதான். பிள்ளை சரியாச் செய்யச் செய்யக் கேள்வி கடினமாகும். நாலு நிலையில முடிவு வரும். டிப்ளோமாவுக்கு அது கட்டாயம் இல்லை. கட்டாயம் எண்டால் பத்தாம் வகுப்பு எழுத்தறிவுச் சோதனைதான். மகன் புதுசு எண்டால் அதைப் பிந்திப்போடக் கேக்கலாம்.

இனி ரியூசன். எங்கட சனம் இங்க வந்து செய்த சாதனையளில ஒண்டு, ஒவ்வொரு பிளாசாவிலயும் சாப்பாட்டுக் கடைக்குப் பக்கத்தில ஒரு ரியூசன் சென்ரர். நல்ல ஆசிரியர் இருக்கினம், இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனால் பாதி இடத்தில நடக்கிறது என்ன? போட்டோக்கொப்பி எடுத்த கட்டுக் கட்டான கணக்கு, ஒரே மாதிரி நாப்பது. உங்கட பெடியனுக்கு அது தேவையே இல்லை, அதுதான் அவனுக்கு ஏற்கனவே வருமே. இன்னொரு கூட்டம் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கல்குலஸ் படிப்பிச்சுக் கலியாண வீட்டில விளம்பரம் பண்ணும். புள்ளி காணாட்டிக் காசு கட்டித் தனியார் பள்ளிக்கூடத்தில அதே கிரெடிற்றை எடுத்து 95 வாங்குறவையும் இருக்கினம். அந்தப் பிள்ளையள் யூனிவேர்சிற்றி முதல் வருசத்தில படுற பாட்டை நான் கண்டிருக்கிறன். எதிர்ப்பக்கமா, ‘இங்கத்தக் கணக்கு எங்கட ஏழாம் வகுப்பு’ எண்டு ஐ.ரி. வேலைக்கு வந்த ஆக்கள் சொல்லுவினம். அவையின்ர பிள்ளையளைக் கேட்டுப் பாருங்கோ.

காசை மிச்சம் பிடிச்சு வோட்டர்லூ யூனிவேர்சிற்றி நடத்துற கணக்குப் போட்டிகளின்ர பழைய தாளுகளை இறக்கி எடுங்கோ, சும்மா கிடக்கு. ஏழு, எட்டுக்கு கவுஸ், ஒன்பதுக்கு பஸ்கால், பத்துக்கு கெய்லி, பதினொண்டுக்கு ஃபெர்மா. கெய்லியில ஒரு மணித்தியாலத்துக்கு 25 கேள்வி. முதல் பத்தும் ஆருக்கும் வரும், கடைசி அஞ்சில பெரியவையும் வேர்ப்பினம். ஞாயிற்றுக்கிழமை மேசையில வைச்சு அப்பனும் மகனுமா ஒண்டு செய்யுங்கோ. கேள்வியை அவன் சத்தமா வாசிச்சு உங்களுக்குத் தமிழில சொல்லட்டும், இங்கிலீசும் ஓடும்.

ரெஸ்ற் முடிவு பள்ளிக்கூடத்துக்குப் போனாப்பிறகு கவுன்சிலர் கூப்பிடுவார். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கோ, அவனே கதைக்கட்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணுமெண்டு முன்கூட்டியே கேளுங்கோ. பக்கத்து வீட்டு அண்ணரை மட்டும் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ, உங்கட பெடியன்ர புள்ளி வெள்ளிக்கிழமைப் பூசைக்கு முதல் கோயிலுக்குப் போயிடும்.