சேறுதான் அந்த ஊரின் கடற்கரை

அன்புள்ள ஐயா,

வணக்கம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கோல சிலாங்கூருக்குச் சென்றிருந்தோம். மலைமேல் குரங்குகளைப் பார்த்தோம், பாசிர் பெனாம்பாங்கில் மீன் சாப்பிட்டோம், இரவில் மின்மினிப் பூச்சிகளைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினோம். இடையில் ஐந்து மணி நேரத்தை எப்படிப் போக்குவது என்று தெரியாமல் காரிலேயே உட்கார்ந்திருந்தோம். கடலோர ஊர் என்கிறார்கள். ஆனால் கால் நனைக்க ஒரு மணல் கரை இல்லை, எங்கு பார்த்தாலும் சேறு. பலரும் அறியாத, நடந்து திரிந்து பார்க்கக்கூடிய இடங்கள் உண்மையில் அங்கே உண்டா?

ஒரு வாசகி, செந்தூல்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். நீங்கள் பார்த்தது சரிதான். அந்தக் கரையில் மணலைத் தேடினால் ஏமாற்றமே கிடைக்கும். மலாக்கா நீரிணை ஆழம் குறைந்தது, பேரலைகள் இல்லாதது. சிலாங்கூர் ஆறு மேட்டிலிருந்து அள்ளி வரும் வண்டலை அடித்துக்கொண்டு போக அங்கே வலுவான அலை கிடையாது. ஆகவே அது முகத்துவாரத்திலேயே படிந்து, காலப்போக்கில் காடாகவும் சேற்றுவெளியாகவும் மாறிவிடுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்தக் கரையோரத்தில் நீர்மட்டம் ஏறத்தாழ 4 மீட்டர் ஏறி இறங்கும். நிலமோ ஏறக்குறைய சமதளம். அதனால்தான் வற்றும் நேரத்தில் கடல் கண்ணுக்கெட்டாத தொலைவுக்குப் பின்வாங்கி, உங்களைச் சலிப்படைய வைத்த அந்தச் சேற்றை விட்டுச் செல்கிறது. என்னைக் கேட்டால், உங்கள் பிள்ளைகள் பார்த்திருக்க வேண்டியதே அந்தச் சேற்றைத்தான்.

மெலாவாத்தி மலையின் அடிவாரத்திலேயே கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா இருக்கிறது. மலேசிய இயற்கைக் கழகத்தின் முயற்சியால் 1987ஆம் ஆண்டு உருவான இடம் அது. மலைமேல் குரங்குகளைப் பார்க்க வரும் கூட்டத்தில் பெரும்பாலோர் அதன் வாசலைக் கடந்து காரை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். உள்ளே போனால் முதலில் உவர்நீர் ஏரி ஒன்று வரும், அதன் கரையில் பறவை பார்ப்பதற்கான மறைவிடங்கள் இருக்கும். அதையும் தாண்டி அணைக்கரைக்கு அப்பால் நடந்தால் கண்டல் காட்டுக்குள், அதாவது அலையாத்திக் காட்டுக்குள், பலகைப் பாதை நீளும். பாதையின் சில பகுதிகளைப் பழுதுபார்ப்பதற்காக மூடுவதுண்டு என்பதால், அலுவலகத்தில் கேட்டுவிட்டு நடப்பது நல்லது.

அந்தப் பலகையில் பத்து நிமிடம் பேசாமல் குந்தி உட்காருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு கீழே சேறு அசையத் தொடங்கும். காலடி அதிர்வில் வளைக்குள் ஓடிய நண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். அவற்றில் ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடலளவுக்குப் பெரியது. அதை மேலும் கீழும் ஆட்டி ஆட்டிப் பெண் நண்டை அழைக்கும். மலாய்க்காரர்கள் பெலாசாக் என்று சொல்லும் சிறு மீன், உச்சந்தலையில் கண்களைத் தூக்கி வைத்துக்கொண்டு, துடுப்பையே கையாக ஊன்றிச் சேற்றின்மேல் தத்திப் போகும். செவுள் அறைக்குள் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைத்திருப்பதாலும், ஈரத் தோல் வழியாகவும் மூச்சு வாங்குவதாலும் அதனால் நெடுநேரம் வெளியே இருக்க முடிகிறது. முழங்கால் உயரத்துக்குக் கறையான் புற்றுகளைப்போல நிற்கும் மண்மேடுகளைப் பார்த்தால், இரவெல்லாம் அடிச்சேற்றை மேலே தள்ளும் சேற்று இறால் கட்டிய வீடுகள் அவை என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மரங்களையும் விட்டுவிடாதீர்கள். ஒரு வகை மரம், மூச்சு விடுவதற்காகப் பென்சில் பென்சிலாக வேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டியிருக்கும். இன்னொரு வகையில் விதை கிளையில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய்போல நீளமாகத் தொங்கி, விழும்போது நேராகச் சேற்றில் குத்திக்கொண்டு நிற்கும். சங்கப் பாடல்களில் நெய்தல் நில ஊர்களுக்கு வேலியாக நிற்பவை இந்தக் கண்டல் மரங்களே. தமிழகச் சுற்றுலாவில் பிச்சாவரத்துக்குப் போய்ப் படகில் ஏறிய கோலாலம்பூர்க் குடும்பங்கள் பலவற்றை எனக்குத் தெரியும். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் இருக்கும் இந்தக் காட்டுக்குள் அவர்கள் கால் வைத்ததில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

இந்தச் சேற்றோடு எனக்குப் பழைய பழக்கம் உண்டு. என் தாத்தா ஜெராம் பக்கத்தில் ஒரு தென்னந்தோட்டத்தில் வேலை செய்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து வீட்டிலிருந்து கிளம்பி அணைக்கரை மேல் நடந்து போய் நண்டுக்கூடு வைப்பார். பத்து வயதில் அவர் சொல்லைக் கேளாமல் நான் கரையை விட்டு இறங்கி, நாலடி போவதற்குள் முழங்கால் வரை புதைந்துபோனேன். காலை இழுக்க இழுக்க மற்றக் கால் உள்ளே போனது. அவர் பதறவில்லை. "ஓதம் ஏறுதுய்யா, நிக்காதே, அப்படியே படுத்துத் தவழ்ந்து வா" என்றார். செருப்பு இரண்டையும் சேற்றுக்குக் கொடுத்துவிட்டுத் தவழ்ந்து வந்து சேர்ந்தேன். நீர் வற்றியிருக்கிறதே என்று பிள்ளைகளைச் சேற்றுவெளியில் இறங்க விடாதீர்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். சமதளம் என்பதால் ஓதம், அதாவது வற்றிய கடல்நீர், திரும்பும்போது நாம் நினைப்பதைவிட விரைவாக வந்துவிடும்.

பறவைகளைப் பார்க்க மட்டும் நீர் ஏறும் நேரத்தில் போங்கள். செப்டம்பர் முதல் மார்ச் வரை சைபீரியா போன்ற வடதேசங்களிலிருந்து உள்ளான்கள் கூட்டங்கூட்டமாக இந்தக் கரைக்கு வருகின்றன. சேற்றுக்குள் நெளியும் புழுக்களும் சிப்பிகளுமே அவற்றுக்கு உணவு. நீர் வற்றியபோது அவை எங்கோ தொலைவில் புள்ளிகளாகத் தெரியும். ஏறும்போது அதே நீர் அவற்றைக் கரையை நோக்கித் தள்ளிக்கொண்டு வரும், பவளக்காலி உள்ளானின் சிவந்த கால்கள்கூடச் சாதாரணத் தொலைநோக்கியில் தெளிவாகத் தெரியும். ஆற்றுப் படகுகளில் பருந்துகளுக்குக் கோழித் தோலும் கொழுப்பும் வீசிக் காட்டும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. கருடன் வட்டமிடுவதைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் நாம், மீன் பிடித்துத் தின்னும் அந்தப் பறவைக்குக் கழிவைப் பழக்க வேண்டியதில்லை.

மலைக்கு நீங்கள் போய்விட்டீர்கள் என்றாலும் ஒரு சொல். 1784இல் டச்சுக்காரர்கள் அந்த மலைமேல் இருந்த கோட்டையைப் பிடித்து, தங்கள் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரைச் சூட்டினார்கள்; மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதை மீட்டுவிட்டார். 1907இல் கட்டிய கலங்கரை விளக்கத்துக்கு இன்றும் அந்த டச்சுப் பெயர்தான். அதன் அருகில் நின்று மேற்கே பார்த்தால், ஆறு, காடு, சேறு, கடல் என்று நான் மேலே எழுதிய எல்லாம் அடுக்கடுக்காகத் தெரியும். இலைக்குரங்குகள் சாதுவானவை, அவற்றின் குட்டிகளின் ஆரஞ்சு நிறம் பிள்ளைகளுக்கு மறக்காது. ஆனால் இலையைச் செரிப்பதற்கென்று அமைந்த வயிறு அவற்றுக்கு. ரொட்டியும் பிஸ்கட்டும் வேண்டாம்.

தெற்கே ஜெராமின் ரெமிஸ் கடற்கரை உண்டு. பெயரே ஒரு சிறு சிப்பியின் பெயர்தான். அந்தியில் காற்று வாங்க நல்ல இடம், அவ்வளவே. வடக்கே சிகிஞ்சான் வயல்கள் அழகுதான், ஆனால் அதைப் பற்றி இப்போது எல்லாரும் எழுதுகிறார்கள். சாசாரான் கடலில் வற்றத்தின்போது மட்டும் வெளிப்படும் திட்டு வேறு வகை. அதற்குப் படகில்தான் போக வேண்டும். கணுக்கால் நீரில் வானம் முழுவதும் தலைகீழாகப் படிந்திருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில்தான் அந்தத் திட்டு முழுமையாகத் தலைகாட்டும். ஆகவே நாளைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

அடுத்த முறை அமாவாசையை ஒட்டிய ஒரு சனிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள் என்பது என் யோசனை. முன்பே ஓத அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தகைய நாட்களில் பெரும்பாலும் நண்பகலை ஒட்டி நீர் வற்றும். காலையில் பூங்காவுக்குள் போனால் கடல் பின்வாங்குவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். முழுக்கைச் சட்டையும் கொசு மருந்தும் தண்ணீரும் கட்டாயம். வெயில் ஏறியதும் மலைமேல் தூங்குமூஞ்சி மரங்களின் நிழலுக்குப் போய்விடுங்கள். மாலையில் நீர் ஏறி வரும்போது மீண்டும் ஏரிக்கரைக்கு வந்து பறவைகளைப் பாருங்கள்.

இரவில் கம்போங் குவாந்தான். நிலா இல்லாத இரவில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னுவது இன்னும் துலக்கமாகத் தெரியும். இயந்திரப் படகை விட்டுத் துடுப்புப் படகில் ஏறுங்கள், கைப்பேசி வெளிச்சத்தை அணைத்துவிடுங்கள். அந்தப் பூச்சிகள் புழுப் பருவத்தில் ஆற்றங்கரையின் ஈர மண்ணில் ஊர்ந்து, சின்னஞ்சிறு நத்தைகளைத் தின்று வளர்ந்தவை. பகலில் பலகைப் பாதையில் குந்தியிருந்த பிள்ளைகளுக்கு அதைப் படகிலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் என்ன கேட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.